லினன் தைத்து விற்கும் நண்பர்களுக்கு: கூட்டுப் பத்திரம், உத்யம் பதிவு, 45 நாள் பாக்கி உரிமை

காரைக்குடி, கானாடுகாத்தான், தேவகோட்டைப் பக்கம் பழைய பெரிய வீடுகள் பல தங்கும் விடுதிகளாகிவிட்டன. கட்டில் விரிப்பு, குஷன் உறை, மேசைத் துணி, நாப்கின் என்று லினனுக்கு உள்ளூரிலேயே ஆர்டர் கிடைக்கிறது. சட்டையும் குர்தாவும் ஆன்லைனில் போகும். மூன்று நண்பர்கள் ஆளுக்குக் கொஞ்சம் முதல் போட்டு, இரண்டு தையல் மெஷின், ஒரு ஓவர்லாக், ஒரு வெட்டு மேசையோடு தொடங்கிவிடலாம். தையலில் பெரிய சிக்கல் வராது. பில் கொடுத்து இரண்டு மாதம் கழித்தும் "அடுத்த மாசம் பார்க்கலாம்" என்று பதில் வரும்போதுதான் சிக்கல். அப்போது பணத்தைச் சட்டப்படி கேட்க முடியுமா என்பது, முதல் துணியை வெட்டும் முன்பே முடித்திருக்க வேண்டிய இரண்டு பதிவுகளைப் பொறுத்தது: கூட்டு நிறுவனப் பதிவு, உத்யம் பதிவு (குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கு மத்திய அரசு வைத்திருக்கும் பதிவு).

பதிவு செய்யாத கூட்டு

இந்தியக் கூட்டாண்மைச் சட்டம் 1932-இன்படி, லாபத்தைப் பங்கிட்டுக்கொள்ளச் சம்மதித்து இரண்டு பேர் தொழில் நடத்தினாலே அது கூட்டு நிறுவனம். பத்திரம் எழுதவில்லை, வாய்ப்பேச்சுதான் என்றாலும் கூட்டு கூட்டுதான். கடனுக்கு ஒவ்வொருவரும் முழுப் பொறுப்பு. பதிவு கட்டாயமும் இல்லை. ஆனால் 69-ஆவது பிரிவு பதிவு செய்யாதவர்களின் கையைக் கட்டிவிடுகிறது. பதிவில்லாத நிறுவனம் ஒப்பந்தப்படி வரவேண்டிய பணத்துக்காக வெளியாள் மீது வழக்குப் போட முடியாது. வெளியாள் உங்கள் மீது போடலாம்! பங்குதாரர்களும் கூட்டை முடித்துக் கணக்குக் கேட்பதைத் தவிர, பத்திரத்தில் உள்ள உரிமைகளுக்காக ஒருவர்மேல் ஒருவர் வழக்குத் தொடர முடியாது. சட்டம் தரும் விலக்கு 100 ரூபாய்க்கு மேற்படாத கோரிக்கைக்கு மட்டும். ஒரு குஷன் உறைக்குக்கூட அது காணாது.

பதிவுத்துறையின் மாவட்டப் பதிவாளரிடம் விண்ணப்பிக்க வேண்டும். துறையின் இணையதளத்திலேயே தொடங்கலாம். நிறுவனத்தின் பெயர், முதன்மை இடம், வேறு கிளை இருந்தால் அதன் இடம், ஒவ்வொருவரும் சேர்ந்த தேதி, முழுப்பெயர், நிரந்தர முகவரி, எத்தனை காலத்துக்கு என்ற விவரங்கள் வேண்டும். எல்லோரும் கையெழுத்திட வேண்டும். செட்டிநாடு சிவகங்கை, புதுக்கோட்டை என இரண்டு மாவட்டங்களில் கிடக்கிறது. பங்குதாரர் வீடு எங்கே என்பதல்ல, நிறுவனத்தின் முதன்மை இடம் எங்கே என்பதுதான் கணக்கு. பெயரில் ஒரு எச்சரிக்கை: 'ராயல்', 'கிங்', 'இம்பீரியல்' போன்ற சொற்களை மாநில அரசின் எழுத்துப்பூர்வச் சம்மதம் இல்லாமல் சேர்க்கக் கூடாது. அரண்மனை வீடுகள் நிறைந்த ஊரில் 'ராயல் லினன்' என்று வைக்கத்தான் முதலில் தோன்றும்.

பத்திரத்தில் எழுதாவிட்டால் சட்டம் எழுதிக்கொள்ளும்

டிடிபி கடையில் கிடைக்கும் ஆயத்தப் பத்திரத்தில் பெயரை மட்டும் மாற்றிக் கையெழுத்துப் போடுவது பரவலான வழக்கம். அதில் விட்டுப்போனவற்றை 13-ஆவது பிரிவு நிரப்பும், பெரும்பாலும் நீங்கள் நினைத்த மாதிரி இருக்காது.

ஒருவர் 3 லட்சம், ஒருவர் 1 லட்சம், இன்னொருவர் 50,000 போட்டிருக்கிறார்கள். பங்கு விகிதம் எழுதவில்லை. லாபமும் நஷ்டமும் மூன்று சம பங்கு. ஒருவர் காலை முதல் இரவு வரை வெட்டு மேசையில் நிற்கிறார், மற்ற இருவரும் வேறு வேலையில் இருந்துகொண்டு மாலையில் வருகிறார்கள், சம்பளம் எழுதவில்லை. நிற்பவருக்குச் சம்பளம் கேட்க உரிமை இல்லை. தீபாவளி ஆர்டருக்காக ஒருவர் தன் முதலுக்கு மேல் கைப்பணம் போட்டால் அதற்கு ஆண்டுக்கு 6 சதவீத வட்டி உண்டு. முதலுக்கு வட்டி என்று எழுதியிருந்தாலும் அது லாபத்திலிருந்துதான், நஷ்ட ஆண்டில் இல்லை. ஆகவே முதல் எது, கடன் எது என்று பேரேட்டில் தனித்தனியாகப் பற்று வரவு வைக்க வேண்டும். வங்கி வழியாகப் போட்டால் தகராறு வராது.

ஒருவர் வீட்டிலிருந்து கொண்டுவந்த மெஷின் நிறுவனத்தின் சொத்தா, இரவலா? எழுதுங்கள். சட்டை, குர்தா பேட்டர்ன் அட்டைகள், கடைப் பெயர், இன்ஸ்டாகிராம் கணக்கு, அதன் கடவுச்சொல் இவையும் அப்படித்தான். பிரியும்போது மெஷினைவிட இவற்றுக்குத்தான் சண்டை.

துணி வாங்கும் அதிகாரம் அடுத்தது. எந்தப் பங்குதாரரும் தொழிலுக்காக வாங்கினால் அது எல்லோரையும் கட்டும். '25,000 ரூபாய்க்கு மேல் இருவர் கையெழுத்து வேண்டும்' என்று பத்திரத்தில் எழுதினால் மட்டும் போதாது. அந்த வரம்பு துணி வியாபாரிக்குத் தெரிந்திருந்தால்தான் அவரைக் கட்டும். அவருக்கு ஒரு கடிதம் கொடுத்து நகலில் கையெழுத்து வாங்குங்கள்.

வருமான வரிக்காகவும் பத்திரம் தெளிவாக இருக்க வேண்டும். கூட்டு நிறுவனத்துக்கு லாபத்தில் நேராக 30 சதவீத வரி, அதன்மேல் செஸ். பத்திரத்தில் அனுமதி இருந்தால் பங்குதாரருக்கு 12 சதவீதம் வரை வட்டியும், உழைக்கும் பங்குதாரருக்குச் சம்பளமும் செலவாகக் கழியும். சம்பள உச்சவரம்பு: கணக்குப் புத்தக லாபத்தின் முதல் 6 லட்சத்தில் 3 லட்சம் அல்லது 90 சதவீதம், எது அதிகமோ அது, மீதியில் 60 சதவீதம். அப்படிக் கொடுக்கும் தொகை ஒருவருக்கு ஆண்டில் 20,000 ரூபாயைத் தாண்டினால் 10 சதவீதம் பிடித்தம் செய்து கட்ட வேண்டும். 2025 ஏப்ரல் 1 முதல் இது அமலில் உள்ளது. சிறு கூட்டுகள் பல இதைத் தவறவிடுகின்றன. லாபமே இல்லாவிட்டாலும் நிறுவனம் வருமானக் கணக்குத் தாக்கல் செய்தாக வேண்டும்.

பத்திரம் முடிந்ததும் நிறுவனத்தின் பெயரில் பான், பிறகு நடப்புக் கணக்கு. இதில் சொல்ல அதிகமில்லை.

உத்யம்: எந்தக் கட்டத்தில் டிக் போடுகிறீர்கள்

உத்யம் பதிவு 2020 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ளது. கட்டணம் கிடையாது, ஆவணம் ஏற்றவும் வேண்டாம். நிர்வாகப் பங்குதாரரின் ஆதார், நிறுவனத்தின் பான் போதும். 500, 1,000 கேட்கும் தளங்கள் அரசுத் தளத்தைப் போலவே தோற்றம் காட்டும் தனியார் தளங்கள். இணைய முகவரி 'gov.in' என்று முடிகிறதா என்று பாருங்கள். 2025 ஏப்ரல் 1 முதல் இயந்திர முதலீடு 2.5 கோடி, விற்பனை 10 கோடி வரை குறுந்தொழில்தான். நண்பர்கள் கடை எல்லாம் இதற்குள் அடங்கிவிடும்.

கவனிக்க வேண்டியது தொழில் வகை. உற்பத்தி, சேவை, வணிகம் என்று மூன்று இருக்கும். லினன் மீட்டரை வாங்கி அப்படியே விற்றால் வணிகம். வெட்டித் தைத்து விற்றால் உற்பத்தி. தொழில் குறியீடு கேட்கும் இடத்தில் ஆடைக்கு 14101, திரை, விரிப்பு, வீட்டு அலங்காரத் துணிகளுக்கு 13921, இரண்டையும் சேருங்கள். '47' என்று தொடங்கும் சில்லறை விற்பனைக் குறியீட்டை மட்டும் போட்டு வணிகராகப் பதிவாகிவிட்டால், முன்னுரிமைக் கடன் கிடைக்கும். கீழே வரும் 45 நாள் பாதுகாப்பு கிடைக்காது. பொதுவான தவறு இதுதான், அதுவும் பில் பாக்கியாகி மனுப் போடும் அன்றுதான் தெரியவரும். பாக்கி வந்தபின் பதிவு செய்து பழைய பில்லுக்கு உரிமை கோருவதும் வழக்கில் நிற்பது கடினம். ஆர்டர் எடுக்கும் முன்பே உத்யம் எண் கையில் இருக்கட்டும்.

45 நாள்

குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் மேம்பாட்டுச் சட்டம் 2006, 15-ஆவது பிரிவு: எழுத்தில் கெடு பேசியிருந்தால் அந்தக் கெடுவுக்குள் வாங்கியவர் பணம் தர வேண்டும், ஆனால் எந்தக் கெடுவும் 45 நாளைத் தாண்டக் கூடாது. எழுத்தில் எதுவும் இல்லையென்றால் 15 நாள். '90 நாளில் தருகிறோம்' என்று ஆர்டரில் அச்சடித்திருந்தாலும் 45-க்கு மேல் செல்லாது.

நாள் எப்போது தொடங்கும்? சரக்கை ஏற்ற தேதியிலிருந்து. சரக்குப் போய் 15 நாளுக்குள் எழுத்தில் குறை சொல்லவில்லை என்றால், கொடுத்த தேதியிலேயே ஏற்றதாகக் கணக்கு. லினனில் வரும் குறை பெரும்பாலும் ஒன்றுதான்: 'துவைத்ததும் சுருங்கிவிட்டது'. இதற்கு வெட்டும் முன்பே பதில் தயார் செய்யலாம். ஒவ்வொரு தானிலிருந்தும் (துணிச் சுருளிலிருந்தும்) ஒரு துண்டு எடுத்து 50 செ.மீ.க்கு 50 செ.மீ. குறியிட்டு, விடுதியில் துவைக்கும் அதே முறையில் துவைத்து, காயவைத்து அளந்து பாருங்கள். 48 வந்தால் 4 சதவீதம். முழுத் துணியையும் முதலில் துவைத்துச் சுருக்கிவிட்டு வெட்டுவது நல்லது. முடியாவிட்டால் அந்த அளவைக் கூட்டி வெட்டி, சோதனை அளவை டெலிவரி சலானிலேயே எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.

தவணை தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் 'பாங்க் ரேட்'டின் மூன்று மடங்கு வட்டி, மாதாமாதம் கூட்டு வட்டியாக. பாங்க் ரேட் 6 என்று வைத்தால் 18 சதவீதம், மாதம் ஒன்றரை. 1,20,000 ரூபாய் பில்லுக்கு முதல் மாதம் 1,800, இரண்டாம் மாதம் 1,827, மூன்றாம் மாதம் 1,854. சரக்கு வாங்கியவர் இந்த வட்டியைத் தன் செலவாகக் காட்ட முடியாது. கெடு தாண்டிய பில் தொகையும் கட்டும் ஆண்டில்தான் அவருக்கு வருமான வரியில் செலவாகும். மார்ச் மாதத்தில் அவருடைய ஆடிட்டரே உங்களைக் கூப்பிட்டு உத்யம் வகையைக் கேட்பது இதனால்தான்.

பில்லில் இருக்க வேண்டியவை: நிறுவனப் பெயர், உத்யம் எண், துணி விவரம், எண்ணிக்கை, பில் தேதி, 'கெடு தேதி: இன்னது' என்று நாள் எண்ணி எழுதிய தேதி, வாங்கியவர் கையெழுத்தும் முத்திரையும். வாட்ஸ்அப்பில் அனுப்பிய பில்லுக்கு வந்த 'ஓகே'யையும் படமெடுத்து வையுங்கள். மனு ஆன்லைனில் போட்டால் இந்தப் பாக்கித் தகராறுகளைத் தீர்க்கும் மாநில வசதியாக்க மன்றத்துக்குப் போகும். முதலில் சமரசம், முடியாவிட்டால் தீர்ப்பு. 90 நாளில் முடிக்க வேண்டும் என்கிறது சட்டம்; நடைமுறையில் இழுக்கும். ஆனால் தீர்ப்பை எதிர்த்துப் போக விரும்பும் வாங்கியவர் தொகையில் 75 சதவீதத்தை முன்கூட்டிக் கட்ட வேண்டும். அதனாலேயே நோட்டீஸ் போனதும் பல பாக்கிகள் வந்துவிடும்.

ஜிஎஸ்டி: 2,500 ரூபாய்க் கோடு

தமிழ்நாட்டுக்குள் சரக்கு மட்டும் விற்றால் ஆண்டு விற்பனை 40 லட்சம் வரை பதிவு வேண்டாம். ஆனால் பெங்களூருவுக்கு உங்கள் இணையப் பக்கம் வழியாகவே லினன் சட்டை ஒன்று அனுப்பினாலும் அது மாநிலம் தாண்டிய விற்பனை, பதிவு வேண்டும். பதிவு வாங்கிவிட்டுக் கணக்குத் தாக்கல் செய்யாமல் விட்டால், விற்பனையே இல்லாத மாதத்துக்கும் நாளுக்கு 20 ரூபாய் தாமதக் கட்டணம்.

2025 செப்டம்பர் 22 முதல் ஆடையும் வீட்டுத் துணியும் ஒரு உருப்படி 2,500 ரூபாய் வரை 5 சதவீதம், அதற்கு மேல் 18. 2,500 ரூபாய் குர்தா வரியோடு 2,625. 2,600 ரூபாய் குர்தா 3,068. நூறு ரூபாய்க்கு நானூற்று நாற்பத்து மூன்று வித்தியாசம்! வரி உட்பட்ட விலையை 2,625-க்கும் 2,950-க்கும் இடையில் வைக்க வேண்டாம். 5 சதவீதத்தில் பிரித்தால் அடிப்படை விலை 2,500-ஐத் தாண்டும், 18-இல் பிரித்தால் அதற்குக் கீழே போகும், இரண்டும் பொருந்தாது.

லேபிளில் இன்னொன்று. காரைக்குடி கண்டாங்கிக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அது பருத்திக் கைத்தறிச் சேலைக்கானது. அதே கட்டத்தை லினனில் போட்டாலும் 'கண்டாங்கி லினன்' என்று விற்பது வம்பு.

மானியம்

மாநில அரசின் புதிய தொழில்முனைவோர் திட்டமான 'நீட்ஸ்' கூட்டு நிறுவனத்துக்கும் உண்டு: திட்டச் செலவில் 25 சதவீதம் முதலீட்டு மானியம், உச்சம் 75 லட்சம், கடன் வட்டியில் 3 சதவீதச் சலுகை. மாவட்டத் தொழில் மையத்தில் விண்ணப்பிக்கலாம். பங்குதாரர் ஒவ்வொருவரும் வயது, கல்வி, முதல் தலைமுறைத் தொழில்முனைவோர் தகுதிக்குள் வரவேண்டும். ஒருவர் தவறினாலும் மொத்தமும் நிற்கும். ஆகவே யார் யார் பங்குதாரர் என்பதைப் பத்திரத்துக்கு முன்பே மையத்தில் கேட்டுவிடுங்கள்.

ஒருவர் விலகும்போது

கைகுலுக்கிப் பிரிந்தால் போதாது. பொது அறிவிப்பு வரும்வரை, தான் விலகிய பிறகு மற்றவர்கள் வாங்கிய துணிக்கும் விலகியவர் பொறுப்பாளி. பதிவான நிறுவனத்தில் அறிவிப்பு மூன்று இடத்தில்: பதிவாளரிடம், அரசிதழில், அந்த மாவட்டத்தில் ஓடும் ஒரு தமிழ் நாளிதழில். அன்றைய தேதிக்கு ஐந்தொகை எடுத்து, இருப்பில் உள்ள தான்களைக்கூட மீட்டர் போட்டு எண்ணி, எல்லோரும் கையெழுத்திட வேண்டும். அவர் பங்கைக் கொடுக்காமல் தொழிலை நடத்தினால், அந்தப் பணத்தால் வந்த லாபத்தில் பங்கையோ 6 சதவீத வட்டியையோ அவர் விருப்பப்படி கேட்கலாம். இரண்டே பேர் உள்ள கூட்டில் ஒருவர் இறந்தால், பத்திரம் என்ன சொன்னாலும் கூட்டு அன்றோடு முடிந்தது. வங்கிக் கணக்கு, ஜிஎஸ்டி, உத்யம் எல்லாம் புதிதாக எடுக்க வேண்டியிருக்கும். தொடங்கும்போதே மூன்றாவது ஒருவரைச் சிறு பங்கோடு சேர்த்து, ஒருவர் இறந்தாலும் மற்றவர்கள் தொடரலாம் என்று பத்திரத்தில் எழுதிக்கொண்டால் இதைத் தவிர்க்கலாம்.