மேட்ச் டிக்கெட் விசா ஆகாது: உலகக் கிண்ணம் பார்க்கப் புறப்படுவோர் கவனத்துக்கு

"டிக்கெட் கெடச்சிருச்சு, ஃபிளைட்டும் போட்டாச்சு, விசா மட்டும் எடுத்துக் கொடுங்க." கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் பக்கம் பயண அலுவலகங்களுக்கு வரும் காற்பந்து ரசிகர்கள் பலர் இப்படித்தான் பேச்சைத் தொடங்குகிறார்கள். வரிசையே தலைகீழ். விசா கையில் வரும்வரை பணம் திரும்பாத விமான டிக்கெட்டை வாங்காதீர்கள் என்று எத்தனை முறை சொன்னாலும், மலிவு விலையைப் பார்த்ததும் பட்டனை அழுத்திவிடுகிறார்கள்.

இதற்கெல்லாம் வேர் ஒரே ஒரு தவறான நம்பிக்கை: மேட்ச் டிக்கெட் இருந்தால் நாட்டுக்குள் விட்டுவிடுவார்கள் என்பது. அது எங்கிருந்து வந்தது என்பதும் தெரியும். 2018இல் ரஷ்யா, டிக்கெட் வைத்திருந்தவர்களுக்கு ஃபேன் ஐடி என்ற ரசிகர் அடையாள அட்டை கொடுத்து விசா இல்லாமலே உள்ளே விட்டது. 2022இல் கத்தாரில் ரசிகர்களுக்கான ஹய்யா அட்டையே நுழைவு அனுமதியாக இருந்தது. அந்த இரண்டுக்கும் போய் வந்தவர்கள்தான் இப்போது மற்றவர்களுக்கும் தைரியம் சொல்கிறார்கள். அவை அந்தந்த அரசாங்கம் அந்தந்தப் போட்டிக்காக எடுத்த முடிவுகள். உலகக் காற்பந்துச் சம்மேளனமான ஃபிஃபா விற்பது அரங்கத்தில் ஓர் இருக்கையை மட்டும்தான். எந்த நாட்டின் எல்லையையும் திறந்துவிடும் அதிகாரம் அதற்கு இல்லை. 2026 ஜூன் 11 முதல் ஜூலை 19 வரை நடக்கும் போட்டி அமெரிக்கா, கனடா, மெக்சிகோ என்று மூன்று நாடுகளில். மூன்றுக்கும் தனித்தனிக் குடிநுழைவுச் சட்டம்.

'ஃபிஃபா பாஸ் என்று ஒன்று இருக்கிறதே' என்பார்கள். இருக்கிறது. ஃபிஃபாவிடம் நேரடியாக டிக்கெட் வாங்கியவருக்கு அமெரிக்கத் தூதரக நேர்முகத் தேதியை முன்கூட்டிப் பெற அது உதவும். அவ்வளவுதான். விண்ணப்பம், கட்டணம், சோதனை, கேள்வி எதுவும் குறையாது. மூன்றாம் ஆளிடம் டிக்கெட் வாங்கியவருக்கு அந்தச் சலுகையும் கிடையாது.

மலேசியக் கடப்பிதழுக்கு மெக்சிகோ விசா கேட்பதில்லை. கனடாவுக்கு வருகையாளர் விசா வேண்டும்: இணையத்தில் விண்ணப்பித்து, 100 கனடிய டாலரும் கைரேகைப் பதிவுக்கு 85 டாலரும் கட்ட வேண்டும். அமெரிக்காவுக்கு பி1/பி2 எனப்படும் வருகையாளர் விசா, ஆளுக்கு 185 அமெரிக்க டாலர். விசா மறுக்கப்பட்டாலும் திரும்பாது. நேர்முகம் கோலாலம்பூர் ஜாலான் துன் ரசாக்கில் உள்ள தூதரகத்தில். பினாங்குக்காரர்கள் பட்டர்வொர்த்தில் ரயிலேறி இங்கேதான் வந்தாக வேண்டும். 2025 செப்டம்பர் முதல் 14 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளும் 79 வயதைத் தாண்டியவர்களும்கூடப் பொதுவாக நேரில் வர வேண்டியிருக்கிறது. தாத்தாவையும் பேரனையும் அழைத்துப் போகிறவர்கள் இதை முதலிலேயே கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

'நான் மெக்சிகோ மேட்சுக்கு மட்டும்தான் போறேன், லாஸ் ஏஞ்சலஸில் விமானம் மாறுறேன், வெளியே வரப் போறதில்லை' என்பவர்களும் உண்டு. அமெரிக்காவில் அப்படி முடியாது. அங்கே விமானம் மாறுவதற்கும் குடிநுழைவைக் கடந்தே ஆக வேண்டும். விசா இல்லையென்றால் கேஎல்ஐஏ விமான நிலைய முகப்பிலேயே விமான நிறுவனம் ஏற்ற மறுத்துவிடும். மெக்சிகோ மட்டும் என்றால் இஸ்தான்புல் வழியாகவோ தோக்கியோ வழியாகவோ போங்கள். இன்னொன்று: அமெரிக்க விசா கனடாவுக்குச் செல்லாது. டொரோண்டோவில் ஒரு ஆட்டம், பாஸ்டனில் அடுத்தது என்றால் இரண்டு விசாவும் தேவை.

அடுத்தது பெயர். நம்மவர்களுக்கு அடிக்கடி வரும் தலைவலி இது. நம் கடப்பிதழில் 'முருகன் ஏ/எல் கோவிந்தசாமி' என்று பெயர் ஒரே வரியில் இருக்கும் (ஏ/எல் என்றால் மகன், ஏ/பி என்றால் மகள்). விமான டிக்கெட்டும் விசா படிவமும் குடும்பப் பெயர், இயற்பெயர் என்று இரண்டு கட்டம் கேட்கும். ஒன்றில் அப்பா பெயர் முன்னால், இன்னொன்றில் பின்னால், ஃபிஃபா கணக்கில் நண்பர்கள் கூப்பிடும் செல்லப் பெயர். மூன்றும் மூன்று ஆளாக நிற்கும். கடப்பிதழின் படப்பக்கத்தில் அடியில் இரண்டு வரி ஓடும், கவனித்திருப்பீர்கள். கணினி படிப்பது அதைத்தான். ஆங்கிலப் பெரிய எழுத்து, எண், கோணக் குறி (<) தவிர அதில் வேறெதுவும் வராது. ஏ/எல், ஏ/பி நடுவிலுள்ள சாய்கோட்டுக்கு அங்கே இடமில்லை. அந்த வரியைப் பார்த்து, எழுத்துக்கு எழுத்து அதே மாதிரி எல்லா இடத்திலும் நிரப்புங்கள். கோவிந்தசாமியில் ஓர் எழுத்து விட்டுப்போனாலும் திருத்தக் கட்டணம் உண்டு. மலிவு டிக்கெட்டில் சில நேரம் புதிதாகவே வாங்க வேண்டிவரும்.

அமெரிக்க விசாவுக்கான டிஎஸ்-160 படிவத்தைத் தெரிந்த பையனிடம் கொடுத்து நிரப்பச் சொல்லாதீர்கள். சொன்னாலும், அனுப்புமுன் ஒவ்வொரு பக்கத்தையும் நீங்களே படியுங்கள். கடந்த ஐந்தாண்டுகளில் பயன்படுத்திய சமூக ஊடகக் கணக்குகளை அது கேட்கும். ஃபேஸ்புக் இருந்தும் 'இல்லை' என்று போடுவது பொய்த் தகவல். படம் இரண்டுக்கு இரண்டு அங்குலம், வெள்ளைப் பின்னணி, மூக்குக் கண்ணாடி கூடாது. நம் கடப்பிதழ் அளவுப் படம் அங்கே செல்லாது. நேர்முகம் சில நிமிடம்தான். எந்த ஆட்டம், யார் செலவு, எப்போது திரும்புகிறீர்கள், இங்கே என்ன வேலை: நேராகப் பதில் சொல்லுங்கள், மனப்பாடம் வேண்டாம். முதலாளியின் விடுப்புக் கடிதம், சம்பள ரசீது, இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) அறிக்கை கையில் இருக்கட்டும். கேட்டால் மட்டும் நீட்டுங்கள். 'விசா உறுதி' என்று பேக்கேஜ் விற்பவரை நம்பவே நம்பாதீர்கள். அந்த உறுதியை யாராலும் தர முடியாது. சுற்றுலா அமைச்சின் உரிமம் இருக்கிறதா என்று பாருங்கள்.

மற்றவை சுருக்கமாக. கடப்பிதழுக்குத் திரும்பும் நாளிலிருந்து ஆறு மாதமாவது ஆயுள் இருப்பது நல்லது. பவர் பேங்க் கைப்பையில் மட்டும். 100 வாட்-மணி, அதாவது ஏறக்குறைய 27,000 எம்ஏஎச் வரை. கோழி ரெண்டாங், இறைச்சி கலந்த உடனடி மீ எதையும் அமெரிக்காவுக்குக் கொண்டுபோக வேண்டாம். எந்த உணவாக இருந்தாலும் சுங்கத்தில் அறிவித்துவிடுங்கள். வங்கி அட்டையில் வெளிநாட்டுப் பயன்பாட்டை இங்கேயே திறந்துவிட்டுப் போங்கள். சர்க்கரை, இரத்த அழுத்த மருந்துகள் மருந்துச்சீட்டோடு, அசல் உறையோடு கைப்பையில் இருக்கட்டும். அப்பா அம்மாவை அழைத்துப் போகிறவர்கள் தயவுசெய்து மருத்துவக் காப்புறுதி இல்லாமல் கிளம்பாதீர்கள்.

விசா மறுக்கப்பட்டால் அதே தாள்களோடு மறுவாரமே மறுபடி விண்ணப்பிப்பதில் பயனில்லை, இன்னொரு 185 டாலர் போகும். உடனே கனடாவுக்கு மாறுகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: வேறெந்த நாடாவது விசா மறுத்ததுண்டா என்று அந்தப் படிவம் கேட்கும். 'ஆம்' என்று எழுதிக் காரணத்தையும் சொல்லுங்கள். மறைத்தது தெரியவந்தால் ஐந்தாண்டுத் தடை. ஆட்டத்துக்குப் போக வழியே இல்லையென்றால் டிக்கெட்டை வாட்ஸ்அப் குழுவில் தள்ளிவிடாமல், ஃபிஃபாவின் மறுவிற்பனைத் தளத்தில் போடுங்கள். விற்பவரிடம் 15 விழுக்காடு, வாங்குபவரிடம் 15 விழுக்காடு கழிப்பார்கள். மீதிப் பணமாவது கைக்கு வரும்.