சித்தம்பூண்டிக் கல்லும் பிளேட்டிங் தொட்டியும்

நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டி, சந்திரயான்-2 சமயத்தில் பேப்பரில் அடிபட்ட ஊர். நிலா மண்ணைப் போலவே மண் தயாரிக்க அந்த வட்டாரத்துப் பாறையைத்தான் எடுத்துப் போனார்கள். அதே பாறைத் தொடரில் கறுப்புப் பட்டைகளாக ஒரு தாது ஓடுகிறது. அதுதான் குரோமைட். இரும்பும் குரோமியமும் ஆக்சிஜனும் சேர்ந்தது. தண்ணீரில் கரையாது, கையில் எடுத்துப் பார்த்தாலும் ஒன்றும் செய்யாது. இதில் குரோமியம் மூன்று எலக்ட்ரான்களை இழந்த நிலையில் இருக்கிறது.

ஆலைகளில் குரோமைட்டைச் சோடியம் கார்பனேட்டோடு கலந்து, காற்றுப்பட சுமார் 1,100 டிகிரி செல்சியஸில் வறுப்பார்கள். குரோமியம் இன்னும் மூன்று எலக்ட்ரான்களை விட்டுவிட்டு ஆறாம் நிலைக்குப் போய்விடும். கிடைப்பது சோடியம் குரோமேட், தண்ணீரில் நன்றாகக் கரையும் மஞ்சள் உப்பு. அமிலம் விட்டால் ஆரஞ்சு நிற டைகுரோமேட் ஆகும். காரம் விட்டால் மறுபடியும் மஞ்சள்.

குரோமேட் ஈயத்தோடு சேர்ந்தால் பளிச்சென்ற பெயிண்ட் மஞ்சள். இந்த லெட் குரோமேட்டைச் சில இடங்களில் மஞ்சள் தூளிலும் கலந்து பிடிபட்டிருக்கிறார்கள். மஞ்சளுக்கே பேர் போன ஈரோட்டுக்காரர்களுக்கு இதைக் கேட்டால் வயிறு எரியும். நிறத்துக்காகச் சோற்றில் ஈயத்தையும் குரோமேட்டையும் சேர்ப்பது கொடுமை.

கோவைப் பக்கம் ஆறாம் நிலைக் குரோமியத்தை அதிகம் பார்ப்பது, உலோகத்தின் மேல் உலோகம் பூசும் பிளேட்டிங் பட்டறைகளில்தான். ஹார்டு குரோம் தொட்டியில் லிட்டருக்குச் சுமார் 250 கிராம் குரோமிக் அமிலமும் (இதிலும் குரோமியம் ஆறாம் நிலைதான்), அதில் நூறில் ஒரு பங்கு கந்தக அமிலமும் இருக்கும். ராடையோ ஷாஃப்டையோ உள்ளே இறக்கிக் கரண்ட் கொடுத்தால், வழவழப்பான, தேயாத குரோமியப் பூச்சு ஏறும். ஆனால் கரண்டில் பெரும்பகுதி பூச்சுக்குப் போவதில்லை, தண்ணீரைப் பிரித்து ஹைட்ரஜன் குமிழ்களாக்குகிறது. குமிழ் வெடிக்கும்போது அமிலம் பனிபோல் மேலே எழும். வருஷக்கணக்கில் அதைச் சுவாசிப்பவர்களுக்கு மூக்கின் நடுச்சுவரிலேயே ஓட்டை விழுவதுண்டு. நுரையீரல் புற்றுநோயும் வரலாம். அதனால் எக்ஸாஸ்ட் இல்லாமல் இந்தத் தொட்டியை ஓட்டவே கூடாது என்பேன். இன்னொன்று, தின்னர் நனைந்த துணியில் குரோமிக் அமிலத் தூள் பட்டால் தானாகவே தீப்பிடிக்கும்.

உடம்புக்குள் நடப்பது இதைவிட நுட்பமானது. குரோமேட் அயனிக்குச் சல்பேட்டின் வடிவமும் மின்னூட்டமும் அப்படியே இருக்கிறது. செல்லுக்குச் சல்பேட் தேவை. அது நுழையும் வாசலிலேயே குரோமேட்டும் நுழைந்துவிடும். உள்ளே போனதும் எலக்ட்ரான்களைப் பிடுங்கிக்கொண்டு மூன்றாம் நிலைக்கு இறங்கும். இறங்குகிற வழியில் டி.என்.ஏ.வைச் சேதப்படுத்தும், கடைசியில் அதிலேயே ஒட்டிக்கொள்ளும். மூன்றாம் நிலைக் குரோமியத்தால் அந்த வாசலில் லேசில் நுழைய முடியாது. தோல் பதனிடப் பயன்படுவது இந்த வகைதான். பலரும் இரண்டையும் ஒன்றாகவே பேசுகிறார்கள்.

தொட்டிக் கழிவை அடக்கும் வழியும், குரோமியத்தை மூன்றாம் நிலைக்கு இறக்குவதிலேயே இருக்கிறது. கழிவுநீரை அமிலமாக்கி, சோடியம் பைசல்பைட் போட்டால் ஆரஞ்சு மறைந்து பச்சையாகும். ஆறாம் நிலை மூன்றாம் நிலையாகிவிட்டது என்று அர்த்தம். அப்புறம் சுண்ணாம்பு சேர்த்தால் குரோமியம் சேறாகப் படியும். குடிநீரில் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமுக்கு மேல் குரோமியம் இருக்கக் கூடாது என்பது இந்தியத் தர அளவு. சோம்பல்பட்டுக் கழிவை அப்படியே பள்ளத்தில் விட்டால், எத்தனை கிணறு கெடும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். படிந்த சேற்றையும் கொளுத்தக் கூடாது. சூட்டில் காற்றுப்பட்டால் மூன்று மறுபடியும் ஆறாகும்.