சூக்காவும் இல்லை, எறும்புத் தண்ணியும் இல்லை

போன வாரம் ஓர் அக்கா கையில் துண்டைச் சுற்றிக்கொண்டு என் மருந்துக்கடைக்கு வந்தார். பிரித்தால் முழங்கை வரை பற்பசை. அடியில் தோல் வெளுத்துப்போய், ஓரமெல்லாம் கொப்புளம். ரப்பர் பாலை உறைய வைக்க ஊற்றியபோது கொட்டிவிட்டதாம். "சூக்கா கெத்தாதானே தம்பி, ஒன்னும் செய்யாதுன்னு நெனச்சேன்." மலாயில் 'சூக்கா' என்றால் வினிகர், 'கெத்தா' என்றால் ரப்பர் பால். கூட வந்த மகன், "எறும்புல இருக்கிற ஆசிட்தானே அங்கிள்" என்றான். முதலில் குழாயடிக்குத்தான் அழைத்துப் போனேன்.

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் கடை வைத்த நாளிலிருந்து இந்த இரண்டு பேச்சையும் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது.

ரப்பர் பாலை உறைய வைக்க ஊற்றும் இந்த ஆசிட், பார்மிக் அமிலம். லத்தீனில் 'ஃபார்மிக்கா' என்றால் எறும்பு. 1671-இல் ஜான் ரே என்ற ஆங்கிலேய இயற்கை ஆய்வாளர் ஏராளமான எறும்புகளை நசுக்கி வாலையில் வடித்து இதைப் பிரித்தார். பெயர் அங்கிருந்து வந்தது, அவ்வளவுதான். இன்று போத்தலில் இருப்பது ஆலையில் மெத்தனாலையும் கார்பன் மோனாக்சைடையும் வைத்துச் செய்தது. பால்மரத்து முசுறு பீய்ச்சுவது ஒரு சொட்டுகூட இருக்காது, அதற்கே எரிகிறது. கடையில் விற்பதோ பெரும்பாலும் 85 முதல் 94 விழுக்காடு அமிலம்!

அப்புறம் இந்த 'சூக்கா'. வினிகரில் இருப்பது வேறு அமிலம், அசிட்டிக். வினிகருக்கு லத்தீனில் 'அசெட்டம்', அதிலிருந்து வந்த பெயர். சமையல் வினிகரில் அது நாலைந்து விழுக்காடுதான், மற்றதெல்லாம் தண்ணீர். ஒரே அளவு கலந்தாலும் பார்மிக்தான் வீரியம் கூடியது. வேதியியலில் இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் வைத்திருக்கிறார்கள். நாம்தான் இரண்டையும் சூக்கா ஆக்கி, குடிக்கும் தண்ணீர்ப் போத்தலில் ஊற்றி வைக்கிறோம். தாகத்தில் யாராவது எடுத்துக் குடித்தால் தொண்டையும் குடலும் வெந்துபோகும், இரத்த அணுக்கள் உடையும், சிறுநீரகம் கெடும்.

கலக்கும்போது தண்ணீரில் அமிலத்தை ஊற்றுங்கள், அமிலத்தில் தண்ணீரை ஊற்றாதீர்கள். கையுறையும் கண்ணாடியும் போடுங்கள். மேலே பட்டால் சட்டையைக் கழற்றிவிட்டு, ஓடும் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். கண்ணுக்கும் அதுவேதான், பிறகு நேராக மருத்துவமனை. பற்பசை, கிச்சாப், மாவு எதுவும் வேண்டாம், தயவுசெய்து. குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். 999-ஐ அழையுங்கள், போத்தலையும் கையோடு கொண்டுபோங்கள்.

அக்காவை மருத்துவமனைக்கு அனுப்பும்முன், மிச்ச ஆசிட் எங்கே என்று கேட்டேன். "அடுப்புக்குப் பக்கத்துல தம்பி, பழைய மினரல் வாட்டர் போத்தல்ல." வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாக அதை எடுக்கும்படி பையனிடம் சொல்லி அனுப்பினேன். உங்கள் வீட்டு அடுப்படியையும் இன்றைக்கே பார்த்துவிடுங்கள்.