வீட்டில் கட்டும் ஸ்போர்ட்ஸ் காரின் எலும்பும் மூட்டும்

1950களில் பிரிட்டனில் புதுக் கார் வாங்கினால், அதன் விலையோடு கொள்முதல் வரி என்று ஒரு பெரிய தொகையும் சேரும். அதே கார் பிரித்த பாகங்களாகப் பெட்டியில் வந்தால் அந்த வரி கிடையாது. 1957-இல் லோட்டஸ் நிறுவனம் 'செவன்' என்ற சின்ன ஸ்போர்ட்ஸ் காரைக் கொண்டுவந்தபோது, பலர் அதைப் பாகங்களாகவே வாங்கிப்போய் வீட்டில் பூட்டினார்கள். பூட்டும் முறையை எழுதித் தந்தால் வரி வந்துவிடும் என்பதால் கழற்றும் முறையை எழுதித் தந்தார்கள், வாங்கியவர்கள் அதைக் கடைசிப் பக்கத்திலிருந்து படித்தார்கள் என்று ஒரு கதை இன்றைக்கும் சொல்லப்படுகிறது. 1973-இல் அந்த வரி ஒழிந்தது, வேறு வரி வந்தது. பெட்டியில் வாங்குவதால் கிடைத்த லாபம் போயிற்று. வீட்டில் கார் கட்டும் ஆசை மட்டும் போகவில்லை.

செவனை வடிவமைத்த காலின் சாப்மனும் அப்படித் தொடங்கியவர்தான். 1948-இல் லண்டனில், காதலியின் பெற்றோர் வீட்டுக் கொட்டகையில், ஒரு பழைய ஆஸ்டின் செவன் காரைப் பிரித்துத் தன் முதல் காரைக் கட்டினார். கல்லூரியில் அவர் படித்தது கட்டுமானப் பொறியியல். ஒரு பாலம் எப்படிப் பாரம் தாங்குகிறது என்று படித்த கண்ணோடு அவர் காரைப் பார்த்தார் என்பது என் எண்ணம். வீட்டில் கார் கட்ட இறங்குகிற எவருக்கும் அந்தக் கண்தான் முதலில் வேண்டும்.

ஸ்போர்ட்ஸ் கார் என்றதும் எல்லோரும் என்ஜினைப் பற்றித்தான் கேட்கிறார்கள். என்ஜினை யாரும் வீட்டில் செய்வதில்லை. அதையும் கியர்பாக்ஸ், பின் ஆக்சில், ஸ்டியரிங், பிரேக் எல்லாவற்றையும் ஒரு பழைய காரிலிருந்து எடுத்துக்கொள்கிறார்கள். கட்டுகிறவரின் கையில் உண்மையிலேயே உருவாவது இரண்டு: காரின் எலும்புக்கூடு, அதில் சக்கரங்கள் வந்து சேரும் மூட்டுகள். கார் ஓடுமா, ஒழுங்காக ஓடுமா என்பதை இந்த இரண்டும்தான் முடிவு செய்கின்றன.

சாதாரணக் குடும்பக் காரின் என்ஜினை வைத்து எப்படி வேகம் வரும்? எடையைப் பாருங்கள். பழைய லோட்டஸ் செவன் சுமார் 500 கிலோதான். இன்றைய சாதாரணக் கார் 1,100, 1,200 கிலோ இருக்கும். 600 கிலோ காரில் 120 குதிரைத்திறன் என்ஜினை வைத்தால், 1,200 கிலோ காரில் 240 குதிரைத்திறன் வைத்ததற்குச் சமம். பிரேக்கும் பாதி ஆற்றலைத்தான் வெப்பமாக்கித் தொலைக்க வேண்டும். இன்னொரு லாபம் டயரில் இருக்கிறது. ஒரு டயரின் மேல் பாரத்தை இரட்டிப்பாக்கினால் அதன் பிடிப்பு இரட்டிப்பாவதில்லை, கொஞ்சம் குறைவாகவே கூடும். அதனால் அதே டயரோடு லேசான கார் வளைவில் இன்னும் வேகமாகத் திரும்பும். கதவு, கூரை, ஏசி, ஒலி தடுக்கும் மெத்தை எல்லாவற்றையும் விட்டுவிடும் சுதந்திரம் பெரிய தொழிற்சாலைக்குக் கிடையாது, வீட்டில் கட்டுகிறவருக்கு உண்டு.

காற்றுதான் இந்த வகைக் காரை மடக்கும். சக்கரங்கள் வெளியே தெரியும் இந்த உருவத்தின் காற்றுத் தடை எண் 0.6-ஐத் தாண்டும். இன்றைய நல்ல சலூன் காருக்கு அது 0.3-க்கும் கீழே. வேகம் இரட்டிப்பானால் காற்றைக் கிழிக்க எட்டு மடங்கு திறன் வேண்டும். எனவே கிளம்பும்போது பாய்ந்து கிளம்பும், வளைவில் அசத்தும், நேர்ச்சாலையில் ஒரு வேகத்துக்கு மேல் மூச்சு வாங்கும்.

எந்தப் பழைய காரைப் பிரிப்பது என்பதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. என்ஜின் முன்னால், ஓட்டும் சக்கரம் பின்னால் என்பதுதான் செவன் வகைக்குப் பொருந்தும். அதனால்தான் 1968 முதல் 1980 வரை வந்த ஃபோர்டு எஸ்கார்ட் இவர்களுக்குப் பிடித்த காராக இருந்தது. 1980-க்குப் பிறகு எஸ்கார்ட் முன் சக்கர ஓட்டத்துக்கு மாறிவிட்டது. பின்னாளில் அந்த இடத்துக்கு 1989-இல் வந்த மாஸ்டா எம்எக்ஸ்-5 வந்து சேர்ந்தது. முன் சக்கரம் ஓட்டும் கார்தான் கையில் கிடைக்கிறது என்றாலும் வழி உண்டு. என்ஜினும் கியர்பாக்ஸும் ஒரே கட்டாக இருக்கும் அந்த முன்பக்கத்தை அப்படியே எடுத்து ஓட்டுநருக்குப் பின்னால் வைத்துவிடலாம். ஃபியட் எக்ஸ்1/9 என்ற கார் 1972-இலும் டொயோட்டா எம்ஆர்2 1984-இலும் இதே தந்திரத்தோடு வந்தவைதான்.

இனி எலும்புக்கூடு. நான்கு குச்சிகளைச் சதுரமாக வைத்து மூலைக்கு ஓர் ஆணி அடித்து, ஒரு மூலையைத் தள்ளிப் பாருங்கள். சதுரம் சாய்ந்து சப்பையாகிவிடும். குறுக்கே ஐந்தாவது குச்சியை அடித்தால் அசையாது. முக்கோணத்தின் பக்க நீளங்கள் மாறாத வரை அதன் கோணங்கள் மாற வழியே இல்லை. வீட்டுக் காரின் சட்டம் முழுக்க இந்த ஒரே உண்மையின் மேல்தான் நிற்கிறது. 25 மில்லிமீட்டர் சதுரக் குழாய், சுவர் கனம் சுமார் 1.6 மில்லிமீட்டர். கையால் தூக்கிவிடக்கூடிய இந்த மெல்லிய குழாய்களை முக்கோணம் முக்கோணமாகப் பற்றவைத்தால் ஒரு காரையே தாங்குகிறது.

சட்டம் உடைந்துவிடுமோ என்றுதான் புதியவர்கள் பயப்படுவார்கள். அது முறுக்கிக்கொள்கிறதா என்பதுதான் அதைவிடப் பெரிய கேள்வி. மூடியுள்ள அட்டைப்பெட்டியை இரு முனையிலும் பிடித்து முறுக்கினால் எதிர்த்து நிற்கும், மூடியைக் கழற்றிவிட்டு முறுக்கினால் துணி மாதிரி திரும்பும். கூரையில்லாத ஸ்போர்ட்ஸ் கார் அந்த மூடியில்லாப் பெட்டிதான். ஒரு முன் சக்கரம் மேட்டில் ஏறும்போது சட்டமே முறுக்கிக்கொண்டால், அதுவும் ஒரு ஸ்பிரிங் ஆகிவிடுகிறது. மற்ற ஸ்பிரிங்குகளை அடக்க ஷாக் அப்சார்பர் இருக்கிறது. இந்த ஸ்பிரிங்கை அடக்க எதுவும் இல்லை. அப்புறம் சஸ்பென்ஷனில் என்ன மாற்றம் செய்தாலும் கார் சொன்ன பேச்சு கேட்காது.

கியர்பாக்ஸும், என்ஜின் சுழற்சியைப் பின் சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் சுழல்தண்டும் போகும் நடுச் சுரங்கத்தை இவர்கள் கவனமாகக் கட்டுவதற்கு இதுதான் காரணம். ஒரு வட்டக் குழாயின் சுவர் கனத்தை மாற்றாமல் குறுக்களவை மட்டும் இரட்டிப்பாக்கினால் எடை இரண்டு மடங்குதான் ஆகும், முறுக்கை எதிர்க்கும் வலு எட்டு மடங்காகும். அகலமான நடுச் சுரங்கம் காருக்கு முதுகெலும்பாகிவிடுகிறது. தரையிலும் பக்கங்களிலும் அலுமினியத் தகட்டைப் பசை தடவி ரிவெட் அடிப்பதும் அழகுக்காக மட்டும் இல்லை. இறுக்கமாக ஒட்டிய தகடு எல்லாத் திசையிலும் குறுக்குக் குச்சி போட்டது மாதிரி வேலை செய்கிறது. என்ஜின் இருக்கும் இடம்தான் தலைவலி. என்ஜினை இறக்கி ஏற்ற மேலே திறந்திருக்க வேண்டும், அங்கே முக்கோணம் போட முடியாது. விவரம் தெரிந்தவர்கள் கழற்றி மாட்டும்படி ஒரு குறுக்குக் குழாயைப் போல்ட் போட்டு வைக்கிறார்கள்.

இதை வீட்டிலேயே அளக்கலாம். சட்டத்தின் பின்பக்கத்தைக் கட்டையோடு அசையாமல் இறுக்கிவிடுங்கள். முன்பக்கத்தின் நடுவில் மட்டும் ஒரு முட்டுக் கொடுத்து, குறுக்கே ஒரு நீண்ட இரும்புக் கம்பத்தைக் கட்டி, நடுவிலிருந்து 2 மீட்டர் தள்ளி 50 கிலோ எடையைத் தொங்கவிடுங்கள். கம்பத்தின் சொந்த எடை கணக்கில் சேராமல் இருக்க, எடை தொங்குவதற்கு முன்னும் பின்னும் உள்ள வித்தியாசத்தை மட்டும் பார்க்க வேண்டும். இப்போது சட்டத்தை முறுக்குவது ஏறக்குறைய 1,000 நியூட்டன் மீட்டர். முன்பக்கத்தில் பக்கவாட்டாக 5 மீட்டர் தூரத்துச் சுவரைப் பார்த்து ஒரு லேசர் விளக்கைப் பொருத்தியிருந்தால், ஒரு டிகிரி முறுக்குக்குச் சுவரில் விழும் ஒளிப்புள்ளி 87 மில்லிமீட்டர் நகரும். பிறகு ஒரு குறுக்குக் குழாயைச் சேர்த்துவிட்டு மறுபடி தொங்கவிட்டால், அந்தக் குழாய் என்ன செய்தது என்று புள்ளி காட்டிவிடும். இவ்வளவு எளிதான சோதனையைச் செய்யாமலே பலர் பெயின்ட் அடிக்கப் போய்விடுகிறார்கள் என்பது எனக்கு வருத்தம்தான்.

பற்றவைப்பில் இரண்டு ஆபத்து. உருகிய உலோகம் ஆறும்போது சுருங்கித் தன் பக்கம் இழுக்கும். ஒரு மூலையை முழுதாக முடித்துவிட்டு அடுத்ததற்குப் போனால் சட்டம் கோணிக்கொள்ளும். சமதளமான பலகையில் முழு அளவுப் படம் வரைந்து, மரக்கட்டைகளால் குழாய்களை இறுக்கி, முதலில் எல்லா இணைப்புக்கும் சின்னப் பொட்டு வைத்து, மூலைக்கு மூலை அளந்து சரிபார்த்து, அப்புறம் எதிரெதிர்ப் பக்கமாக மாறி மாறிப் பற்றவைக்க வேண்டும். இரண்டாவது ஆபத்துக்கு உயிர்ச்சேதம் வரை போகும் வலு உண்டு. வீடுகளில் பயன்படும் மிக் வெல்டிங்கில், வெளியே பார்க்க அழகாக இருக்கும் தையல் உள்ளே பிடிக்காமலே இருக்கலாம். அதே குழாய்த் துண்டில் மாதிரி வெல்டிங் போட்டு, குறுக்கே அறுத்துப் பார்க்க வேண்டும், சுத்தியலால் அடித்து மடக்கிப் பார்க்க வேண்டும். குழாய் கிழிந்து வெல்டிங் நின்றால்தான் காரில் கை வைக்கலாம். அதுவரை சக்கரம் மாட்டும் மூட்டுகளை அனுபவமுள்ள ஒருவரிடம் கொடுத்துப் பற்றவைப்பதில் எந்தக் குறைச்சலும் இல்லை.

அந்த மூட்டுகளில்தான் காரின் குணம் இருக்கிறது. ஒவ்வொரு முன் சக்கரத்தையும் மேலே ஒன்று கீழே ஒன்று என இரண்டு விஷ்போன்கள், அதாவது V வடிவக் கைகள், பிடித்திருக்கின்றன. மேலுள்ளதைக் கொஞ்சம் குட்டையாக வைப்பார்கள். வளைவில் கார் வெளிப்பக்கம் சாயும்போது, மேல் விஷ்போன் குட்டையாக இருப்பதால் சக்கரத்தின் தலையை உள்ளே இழுத்துக்கொள்ளும், டயர் தரையில் பட்டையாகவே பதியும். மூன்றாவதாக ஸ்டியரிங்கிலிருந்து வரும் கம்பி ஒன்று இருக்கிறது. சக்கரம் மேலும் கீழும் போகும்போது இந்த மூன்றின் முனைகளும் ஆளுக்கொரு வில் வரைகின்றன. ஸ்டியரிங் கம்பி வரையும் வில் மற்ற இரண்டோடு ஒத்துப்போகாவிட்டால், ஓட்டுநர் கையை அசைக்காமலே ஒவ்வொரு மேட்டிலும் சக்கரம் திரும்பும். ஸ்டியரிங் பெட்டி சில மில்லிமீட்டர் உயரம் தப்பினால் போதும், இது நடக்கும்.

இதற்குக் கம்ப்யூட்டர் இருக்கிறது. ஆனால் அட்டையில் விஷ்போன்களை வெட்டி, பலகையில் குண்டூசி குத்தி, கையால் ஆட்டிப் பார்க்கிறவர்களும் உண்டு. அந்த அட்டை பொம்மை கற்றுத் தருகிற அளவுக்குத் திரை கற்றுத் தருவதில்லை என்று நினைக்கிறேன். கார் வடிவம் பெற்றதும் ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, சக்கரம் இருக்கும் இடத்தில் ஒரு பலகையைப் பொருத்தி, ஜாக்கியால் 5 சென்டிமீட்டர் ஏற்றி இறக்கி, பலகையின் முன்முனையும் பின்முனையும் எவ்வளவு நகர்கின்றன என்று அளப்பார்கள். ஸ்டியரிங் பெட்டிக்குக் கீழே மெல்லிய தகடுகளைச் சேர்த்தும் எடுத்தும் அந்த அசைவைக் கிட்டத்தட்ட இல்லாமலாக்கிவிடலாம்.

மேல்தோலைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒரு தாளைக் குழலாகச் சுருட்டலாம், பந்தாக்க முடியாது. அலுமினியத் தகடும் அப்படித்தான், வீட்டில் அதை ஒரு திசையில் மட்டுமே வளைக்க வருகிறது. மூக்கும் மட்கார்டும் இரு திசையிலும் வளைபவை என்பதால் அவற்றை அச்சு செய்து ஃபைபர் கிளாஸில் வார்க்கிறார்கள்.

பிரேக் மட்டும் பழைய காரிலிருந்து வந்தாலும் அப்படியே விட்டுவிடக் கூடாத பாகம். ஆளோடு சேர்த்து 600 கிலோ, எடையின் மையம் தரையிலிருந்து 45 சென்டிமீட்டர், முன் பின் சக்கர இடைவெளி 2.3 மீட்டர் என்று வைப்போம். புவியீர்ப்பு முடுக்கத்தின் அளவுக்கு வேகம் குறையும்படி அழுத்திப் பிரேக் போட்டால் 600 × 0.45 ÷ 2.3, அதாவது சுமார் 117 கிலோ பின்னிருந்து முன்னே சாய்கிறது. பாதிக்குப் பாதி இருந்த பாரம் முன்னால் 417, பின்னால் 183 ஆகிறது. பிரேக் விசையும் ஏறக்குறைய 70-க்கு 30 என்று பிரிய வேண்டும். உயரமான, மூக்கு கனத்த குடும்பக் காருக்காகச் செய்த பிரேக்கில் இந்தப் பிரிவு வேறாக இருக்கும். முன் சக்கரம் முதலில் பூட்டிக்கொண்டால் கார் திரும்பாமல் நேராகச் சறுக்கும். பின் சக்கரம் முதலில் பூட்டிக்கொண்டால் பம்பரமாகச் சுழன்றுவிடும். பெடலில் இரண்டு பிரேக் சிலிண்டர்களை இணைக்கும் தண்டை ஒரு திருகால் நகர்த்தி, முன் சக்கரங்கள் ஒரு கணம் முந்திப் பூட்டும்படி வைப்பதே பாதுகாப்பு.

பிரிட்டனில் இப்படிக் கட்டிய கார் சாலைக்கு வர தனி வாகன ஒப்புதல் (IVA) என்ற தேர்வைத் தாண்ட வேண்டும். 1998-இல் ஒற்றை வாகன ஒப்புதல் (SVA) என்று வந்த முறையின் இடத்தில் 2009-இல் வந்தது அது. அதில் எனக்குப் பிடித்த விதி ஒன்று: 100 மில்லிமீட்டர் விட்டமுள்ள உருண்டை தொடக்கூடிய வெளி விளிம்புகள் குறைந்தது 2.5 மில்லிமீட்டர் ஆரத்துக்கு மழுங்கியிருக்க வேண்டும். சாலையில் நடக்கிறவர் மேல் கார் உரசினால் என்ன ஆகும் என்பதற்கான கணக்கு அது.

தேர்வுக்கு முன்னால் நான்கு சக்கரத்துக்கும் கீழே நான்கு எடைப்பொறி வைத்து, ஓட்டுநரை இருக்கையில் உட்காரவைத்துப் பாரம் பார்ப்பார்கள். ஒரு கால் குட்டையான முக்காலி ஆடாது, நாற்காலி ஆடும். காருக்கும் நான்கு கால் என்பதால் ஒரு ஸ்பிரிங் சற்றே உயர்ந்தாலும் மூலைவிட்டமாக இரண்டு சக்கரங்கள் கூடுதல் பாரத்தைச் சுமக்கும், இடப்பக்க வளைவில் ஒரு மாதிரியும் வலப்பக்க வளைவில் வேறு மாதிரியும் நடந்துகொள்ளும். ஸ்பிரிங்கின் அடித்தட்டை அரைத் திருகு, கால் திருகு என்று திருப்பி, இரண்டு மூலைவிட்டமும் பாதிப் பாதி வரும்வரை பொறுமையாகச் சரிசெய்ய வேண்டும்.

கடைசியாக ஒவ்வொரு நட்டையும் அளவு பார்த்து இறுக்கியதும், நட்டின் மேலிருந்து பக்கத்து இரும்பு வரை மஞ்சள் பெயின்டால் ஒரு சின்னக் கோடு இழுப்பார்கள். முதல் ஓட்டம் சில கிலோமீட்டர்தான். திரும்பி வந்ததும் காரைத் தூக்கி நிறுத்தி, டார்ச் விளக்கோடு கீழே படுத்து, கோடுகளை ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். எங்கே கோடு நடுவில் உடைந்து விலகியிருக்கிறதோ அந்த நட்டு தளர்ந்திருக்கிறது.