அழற்சி: குடலில் மூளும் தீக்கு ஒரு சொல்

பெரியம்மா மகனுக்கு ஒரு வருடத்துக்கும் மேலாக வயிற்றுப்போக்கு, ரத்தம் கலந்து. பெருங்குடலுக்குள் கேமரா விட்டுப் பார்க்கும் கொலனோஸ்கோப்பியின் அறிக்கையை வாட்ஸ்ஆப்பில் அனுப்பி, "இதுல என்ன போட்டிருக்குன்னு தமிழ்ல சொல்லுண்ணே" என்றான். போட்டிருந்தது, 'இன்ஃப்ளமேட்டரி பவல் டிசீஸ்'. நான் "குடல் அழற்சி நோய்" என்று எழுதி அனுப்பினேன். அதைப் படித்துவிட்டுப் பெரியம்மா போனில் சொன்னது: "அப்ப சூடுதான். வெந்தயத்த மோர்ல ஊற வெச்சுக் குடிச்சா அடங்கிடும்."

அடங்கவில்லை. ஆனாலும் பெரியம்மா அந்தச் சொல்லைத் தப்பாகப் படித்தார் என்று சொல்ல மாட்டேன்.

அழல் என்றால் நெருப்பு. வினையாகவும் வரும். சுழல், சுழன்று, சுழற்சி என்பதுபோல அழல், அழன்று, அழற்சி. முயற்சி, பயிற்சி எல்லாம் இதே வார்ப்புதான். இன்ஃப்ளமேஷன் என்ற சொல்லும் தீச்சுடரைக் குறிக்கும் 'ஃப்ளாமா' என்ற லத்தீன் சொல்லிலிருந்து கிளைத்ததே. கி.பி. முதல் நூற்றாண்டில் ரோமானியரான செல்சஸ் அதற்கு நான்கு அடையாளங்களை எழுதிவைத்தார்: சிவப்பு, வீக்கம், வெப்பம், வலி. சிலர் இன்றும் 'குடல் வீக்கம்' என்று எழுதுகிறார்கள். நான்கில் ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்ட பெயர் அது. காலில் நீர் கோத்தாலும்தான் வீங்கும், அது அழற்சி ஆகாது.

பெரியம்மாவின் 'சூடு' வேறு வழியில் வந்தது. சித்த மருத்துவத்தில் அழல் என்பது பித்தத்தின் பெயர். வளி (வாதம்), அழல், ஐயம் (கபம்) என்ற மூன்றில் நடுவில் நிற்பது. "மிகினும் குறையினும் நோய்செய்யும்" என்று வள்ளுவர் சொன்னதும் இந்த மூன்றைத்தான். குடல் மருத்துவர் சொல்லும் அழற்சி அதுவல்ல. முழங்கால் சிராய்த்தால் இடம் சிவந்து, வீங்கி, நாலு நாளில் அடங்குகிறதே, அதுதான் அழற்சி; உடம்பின் காவல் அணுக்கள் வந்து வேலையை முடித்துவிட்டுப் போகின்றன. குடல் அழற்சி நோயில் அவை போவதில்லை.

கொலைட்டிஸ், ஆர்த்ரைட்டிஸ் என்று முடியும் பெயர்களில் தீ எதுவும் இல்லை என்பது பலருக்குத் தெரியாது. கிரேக்கத்தில் 'ஐட்டிஸ்' வெறும் பெயரடை விகுதி. 'ஆர்த்ரைட்டிஸ் நோசோஸ்' என்றால் மூட்டைச் சேர்ந்த நோய். நோசோஸ் உதிர்ந்துபோய், விகுதி மட்டும் நின்று, பிற்காலத்தில் அழற்சி என்ற பொருளை ஏற்றுக்கொண்டது. தமிழ்ச் சொல் பிறக்கும்போதே அந்தப் பொருளோடு பிறந்திருக்கிறது.

குடல் அழற்சி நோய் என்ற குடையின் கீழ் முக்கியமாக இரண்டு நோய்கள். ஒன்று அல்சரேட்டிவ் கொலைட்டிஸ். 1859இல் லண்டன் மருத்துவர் சாமுவேல் வில்க்ஸ் எழுதிய குறிப்பில் இந்தப் பெயர் வருகிறது. இதைக் 'குடல் புண்' என்று சுருக்கினால் ஆபத்து. நம் ஊரில் குடல் புண் என்றால் பசித்தால் எரியும் இரைப்பை அல்சர். 'பெருங்குடல் புண் அழற்சி' என்று நீட்டி எழுதுவதே சரி. மற்றது குரோன் நோய். நாட்பட்ட என்று பொருள்படும் குரோனிக் என்ற சொல்லின் சுருக்கமாக இதை நினைப்பவர்கள் உண்டு, மருந்துக்கடைச் சீட்டிலேயே 'குரோனிக் நோய்' என்று பார்த்திருக்கிறேன். அது ஆள் பெயர். நியூயார்க் மவுண்ட் சைனாய் மருத்துவமனையின் குரோன், கின்ஸ்பர்க், ஒப்பன்ஹைமர் மூவரும் 1932இல் எழுதிய கட்டுரையில் பெயர்கள் ஆங்கில அகரவரிசையில் நின்றன. முதல் பெயர் நோய்க்கு ஒட்டிக்கொண்டது. தமிழ் அகரவரிசையில் அடுக்கியிருந்தால் இன்று நாம் ஒப்பன்ஹைமர் நோய் என்று சொல்லிக்கொண்டிருப்போம்.

'குடல் அழற்சி' என்று மட்டும் எழுதினால் போதாது என்பது என் கட்சி. அமீபா சீதபேதியிலும் குடல் அழலும். குடல் காசநோயிலும் அழலும். அது குரோனைப் போலவே வேடம் போடுவதால், இங்கே சில நோயாளிகளுக்கு முதலில் காசநோய் மருந்தைக் கொடுத்துப் பார்த்து, கேட்காதபோதுதான் குரோன் என்று முடிவுக்கு வருகிறார்கள். அவற்றில் தீ வைத்த கிருமியைக் காட்ட முடியும், கொன்றால் தீ அணையும். இந்த நோயில் அப்படி ஒரு ஒற்றைக் கிருமி அகப்படவில்லை. ஆகவே 'நாட்பட்ட குடல் அழற்சி நோய்' என்று முழுதாக எழுதுகிறேன்.

தீ வைத்தது யார் என்று தேடினால் இரண்டு சொற்களில் போய் முட்டுவோம். இரண்டிலும் தமிழில் ஒரு சிக்கல் இருக்கிறது.

முதலாவது மரபணு. டென்மார்க்கின் வில்ஹெல்ம் யோஹான்சன் 1909இல் 'ஜீன்' என்று பெயரிட்டதற்கு நாம் வைத்த சொல். இலங்கைப் பாடநூல்களில் 'பரம்பரையலகு'. இரண்டிலும் மரபும் பரம்பரையும் முன்னால் வந்து நிற்பதால், மருத்துவர் 'மரபணு' என்ற உடனே வீட்டில் கேட்கும் கேள்வி, "எங்க பக்கம் யாருக்குமே கிடையாதே?" அடுத்தது, "கல்யாணம் பண்ணலாமா?" உண்மையில் இந்த நோயாளிகளில் பெரும்பாலோர் குடும்பத்தில் வேறு யாருக்கும் இது இருப்பதில்லை. ஒரே கருவில் பிரிந்த இரட்டையரில் ஒருவருக்குக் குரோன் இருந்தால் மற்றவருக்கும் வருவது ஆய்வுக்கு ஆய்வு மாறி 100க்கு 20 முதல் 50 வரைதான். பெருங்குடல் புண் அழற்சியில் இன்னும் குறைவு. அத்தனை மரபணுவும் ஒன்றாக இருந்தும் இப்படி.

2001இல் முதன்முதலாக அகப்பட்ட மரபணு நாட்2. 16ஆம் குரோமோசோமில் இருப்பது. அது உருவாக்கும் புரதத்தின் வேலை மோப்பம் பிடிப்பது: பாக்டீரியாவின் செல்சுவர்த் துணுக்கு உள்ளே வந்தால் கண்டு குரல் கொடுக்கும். குரோன் நோயாளிகள் சிலரிடம் இந்த மரபணு பழுதுபட்டிருக்கிறது. கேட்டால் விசித்திரமாக இருக்கும்; காவல் நாயின் மூக்கு அடைத்துப்போனதற்கு வீடு ஏன் தீப்பிடிக்க வேண்டும்? வாசலிலேயே விரட்டியிருக்க வேண்டியதை விட்டுவிட்டதால் உள்ளே பெருகுகிறது, பிறகு மொத்தப் படையும் வந்து அடிக்கிறது என்பது ஒரு விளக்கம். அதன் பிறகு இந்த நோயோடு தொடர்புள்ள மரபணு இடங்கள் 200க்கு மேல் தெரிந்துவிட்டன. ஒவ்வொன்றின் பங்கும் சிறிது.

நம் பக்கத்துச் செய்தி ஒன்று. ஐரோப்பியரிடம் அடிக்கடி காணும் அந்த நாட்2 மாற்றங்களை வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியினர் இந்தியக் குரோன் நோயாளிகளிடம் தேடினார்கள். இல்லை என்று 2008இல் வெளியிட்டார்கள். ஐரோப்பியருக்கு எழுதிய மரபணுக் கதையை அப்படியே நமக்குப் பெயர்த்து எழுத முடியாது என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்? இன்னொரு பக்கம், இங்கிலாந்தின் லெஸ்டர் வட்டாரத்தில் குடியேறிய இந்திய வம்சாவளியினரிடம் பெருங்குடல் புண் அழற்சி உள்ளூர்க்காரர்களைவிட அதிகமாக இருந்ததை 1992இல் ஓர் ஆய்வு காட்டியது. கப்பல் ஏறியதால் யாருக்கும் மரபணு மாறியிருக்காது. சாப்பாடும் சூழலும் மாறியிருக்கும், அவற்றோடு குடலில் குடியிருப்பவையும்.

அவைதான் இரண்டாவது சொல். பாக்டீரியா என்பது கிரேக்கத்தில் சிறு குச்சி. முதலில் நுண்ணோக்கியில் தெரிந்தவை குச்சி வடிவில் இருந்ததால் அப்பெயர். இலங்கையில் பற்றீரியா என்று எழுதுவார்கள். 'நுண்ணுயிரி' என்றால் அதில் பூஞ்சையும் அடங்கிவிடும். 'கிருமி' என்றாலோ கொல்ல வேண்டியது என்று பொருளாகிவிடுகிறது, விளம்பரங்கள் அப்படிப் பழக்கிவிட்டன. நம் குடலில் இருப்பவை கோடிக்கணக்கில் அல்ல, லட்சம் கோடிக் கணக்கில். உடம்பின் சொந்த செல்களின் எண்ணிக்கைக்கு ஏறக்குறைய சமம். பெரும்பாலானவை நமக்கு வேண்டியவை. ஆகவே பாக்டீரியாவை அப்படியே வைத்துக்கொள்கிறேன். அந்தக் கூட்டத்தைக் 'குடல் நுண்ணுயிர்த் தொகுதி' எனலாம்.

இவற்றுக்கும் அழற்சிக்கும் உள்ள உறவை எலிகள் காட்டிக்கொடுத்தன. அழற்சியை அடக்கும் இன்டர்லூக்கின்-10 என்ற புரதத்துக்கான மரபணுவை நீக்கிய எலிகளுக்கு 1993இல் குடல் அழற்சி வந்தது. அதே எலிகளைப் பாக்டீரியாவே இல்லாத கூண்டில் வளர்த்தபோது வரவில்லை. பழுதான மரபணு மட்டும் இருந்தால் போதவில்லை. மனிதரிலும் சாயல் உண்டு: பெல்ஜியத்தின் லூவனில், அறுவை செய்த குரோன் நோயாளிகளின் குடலில் மலம் செல்லாதபடி வழியைத் திருப்பிவிட்டபோது அந்தப் பகுதி அமைதியாக இருந்தது, மறுபடி இணைத்தபின் அழற்சி திரும்பியது. 1991இல் வெளிவந்த ஆய்வு அது.

யார் குறைகிறார்கள் என்பதும் முக்கியம். ஃபீக்கலிபாக்டீரியம் என்ற நல்ல குடித்தனக்காரர் குரோன் நோயாளிகளிடம் குறைந்திருப்பது பல ஆய்வுகளில் தெரிந்தது. நாம் தின்னும் நார்ச்சத்தை நொதிக்கவைத்து அது தருவது பியூட்டிரேட். பெருங்குடல் செல்களுக்கு அதுதான் முதன்மையான எரிபொருள். இந்தப் பெயரில் வெண்ணெய் இருக்கிறது. வெண்ணெய்க்கான லத்தீன் சொல் 'பூட்டிரம்'. காறிப்போன நெய்யின் வாடை அதன் அமிலத்தின் வாடைதான். இவை குறைந்ததால் நோய் வந்ததா, நோய் வந்ததால் குறைந்தனவா என்ற வழக்கு இன்னும் முடியவில்லை.

மொழிபெயர்ப்பில் எனக்குக் கடைசியாக நின்றது 'ஃப்ளேர்'. அடங்கியிருந்த நோய் திடீரென்று கிளம்புவதற்கு மருத்துவர்கள் சொல்வது. அறிக்கையில் 'நோய்ச் செயல்பாடு அதிகரித்தல்' என்று எழுதி வைத்திருந்தேன், எனக்கே பிடிக்கவில்லை. போன மாதம் தம்பிக்கு மறுபடி ரத்தம் போனபோது பெரியம்மாவே போன் பண்ணினார்.

"என்னப்பா, நீறு பூத்தாப்புல கெடந்துச்சு, திரும்ப மூண்டுருச்சே."

எழுதிவைத்ததை அடித்துவிட்டு 'மூளல்' என்று போட்டேன். அடங்குவதற்குத் 'தணிவு'.