விசாவில் நாட்களை மட்டும் பார்க்காதீர்கள், நுழைவையும் பாருங்கள்

போன வாரம் இரவு பதினொன்றரை மணிக்கு கஜகஸ்தானின் அல்மாட்டி விமான நிலையத்திலிருந்து ஒரு பெண் அழைத்தார். "அண்ணா, போர்டிங் பாஸ் தர மாட்டேங்கறாங்க. உஸ்பெகிஸ்தான் விசா முடிஞ்சு போச்சுன்னு சொல்றாங்க. எங்களுக்கு இன்னும் இருபத்தி நாலு நாள் இருக்குண்ணா."

கோவைக்காரர்கள். கணவன், மனைவி, ஆறு வயதுக் குழந்தை. என்னிடம் விமான டிக்கெட் மட்டும்தான் எடுத்தார்கள், விசாவை அவர்களே ஆன்லைனில் போட்டுக்கொண்டார்கள். அதில் தவறே இல்லை. உஸ்பெகிஸ்தானில் தாஷ்கண்டும் சமர்கந்தும் பார்த்து முடித்தபின், கஜகஸ்தானுக்குப் போக இந்தியர்களுக்கு விசா தேவையில்லை என்று ஏதோ வீடியோவில் பார்த்துவிட்டு, இரண்டு நாள் அல்மாட்டிக்குக் கிளம்பிவிட்டார்கள். ஊர் திரும்பும் டிக்கெட் தாஷ்கண்டிலிருந்து. குளிர் உடுப்புகள் தவிர மற்ற எல்லாம் இருந்த பெரிய பெட்டி தாஷ்கண்ட் ஓட்டலில்.

இந்த வருடத்தில் எனக்கு இது மூன்றாவது அழைப்பு. மூன்றும் ஒரே தவறு. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

வீடியோவில் சொன்னது பொய்யில்லை. 2022 ஜூலை முதல் இந்தியப் பாஸ்போர்ட் உள்ளவர்கள் விசா இல்லாமல் கஜகஸ்தானுக்குள் போகலாம். ஒரு முறைக்கு 14 நாள், 180 நாளில் மொத்தம் 42 நாள். ஆனால் அது கஜகஸ்தான் வாசலுக்கு மட்டும். திரும்பி வரும் வாசல் உஸ்பெகிஸ்தானுடையது. அங்கே நமக்கு விசா வேண்டும், அதுவும் இரண்டாவது முறை நுழைவதற்கான விசா வேண்டும்.

உஸ்பெகிஸ்தான் இ-விசா மூன்று வகை. ஒரு முறை நுழைய 20 டாலர், இரண்டு முறைக்கு 35, பல முறைக்கு 50. விண்ணப்பத்தில் சிங்கிள், டபுள், மல்டிபிள் என்று கேட்கும் அந்த ஒரு கேள்வியை யாரும் படிப்பதில்லை. எது விலை குறைவோ அதைத் தொட்டுவிட்டு அடுத்த பக்கம் போய்விடுகிறார்கள். விசா கைக்கு வந்ததும் கண்ணில் படுவது 30 நாள், 90 நாள் என்ற எண்கள்தான். "முப்பது நாள் இருக்கே, நடுவில் வெளியே போய் வந்தால் என்ன?" என்று என்னிடமே எத்தனையோ பேர் கேட்டிருக்கிறார்கள்.

சென்னையிலிருந்து திருச்சிக்கு பஸ் டிக்கெட் எடுக்கிறீர்கள். விழுப்புரத்தில் இறங்கி, ஒரு நண்பரைப் பார்த்துவிட்டு, மூன்று மணி நேரம் கழித்து வேறு பஸ்ஸில் ஏறி அதே டிக்கெட்டை நீட்டினால் கண்டக்டர் என்ன சொல்வார்? திருச்சி இன்னும் வரவில்லைதான், நீங்கள் கொடுத்த பணத்துக்கு இன்னும் தூரம் பாக்கி இருக்கிறதுதான். ஆனாலும் இறங்கிய நொடியில் அந்த டிக்கெட் தீர்ந்துவிட்டது. சிங்கிள் என்ட்ரி விசாவும் அப்படித்தான். நீங்கள் நாட்டை விட்டு வெளியேறும்போது இமிக்ரேஷனில் முத்திரை விழுகிறதே, அந்த இடத்தில் விசா முடிந்துவிட்டது. மீதி இருபத்தி நாலு நாளைச் சேர்த்துவைத்துப் பிறகு பயன்படுத்த முடியாது. அரை நாள் போய் வந்தாலும், எல்லையைக் கடந்து அந்தப் பக்கம் ஒரு டீ மட்டும் குடித்துவிட்டு வந்தாலும், மறுபடி உள்ளே வருவது இரண்டாவது நுழைவு.

தாஷ்கண்ட் இருக்கும் இடமே இந்தத் தவறுக்குத் தோதாக இருக்கிறது. ஊரைத் தாண்டிக் கொஞ்ச தூரத்திலேயே கஜகஸ்தான் எல்லை. காரில் சிம்கென்ட் போய்விட்டு மாலையில் திரும்பலாம் என்று டாக்ஸிக்காரரே ஆசை காட்டுவார். தெற்கே போனால் தஜிகிஸ்தானின் குஜந்த். பக்கத்துப் பக்கத்து ஊர் மாதிரி தெரியும். மத்திய ஆசியா முழுவதற்கும் ஐரோப்பா மாதிரி ஒரே விசா என்று நினைப்பவர்களும் உண்டு. அப்படி ஒன்று கொண்டுவர வேண்டும் என்று அந்த நாடுகள் சில வருடங்களாகப் பேசிக்கொண்டிருக்கின்றன, அவ்வளவுதான். தஜிகிஸ்தானுக்கும் கிர்கிஸ்தானுக்கும் தனித்தனியாக இ-விசா எடுத்துத்தான் போக வேண்டும்.

இன்னொரு சமாதானமும் கேட்டிருக்கிறேன். "தாஷ்கண்டில் விமானம் மாறத்தானே போகிறோம், வெளியே போகப் போவதில்லையே?" டிக்கெட்டுகள் தனித்தனியாக இருந்தால் பெட்டி இறங்குவது இமிக்ரேஷனுக்கு அந்தப் பக்கம். பெட்டியை எடுக்க நீங்கள் உள்ளே நுழைந்துதான் ஆக வேண்டும். அதனால் விமான நிறுவனம் முதல் கவுண்டரிலேயே நிறுத்திவிடும். கவுண்டரில் இருக்கிற பெண்ணிடம் சண்டை போட்டுப் பயனில்லை.

30, 90 குழப்பத்தையும் சொல்லிவிடுகிறேன். 90 நாள் என்பது விசா கொடுத்த தேதியிலிருந்து அது செல்லுபடியாகும் காலம். அதற்குள் போய், அதிகபட்சம் 30 நாள் தங்கலாம். நாலு மாதம் முன்னாடியே விசா வாங்கி வைத்துக்கொள்ளும் முன்ஜாக்கிரதை இங்கே உதவாது, பயணம் வருவதற்குள் விசா காலாவதியாகிவிடும். ஒரு மாதம் முன்பு போட்டால் போதும். விண்ணப்பம் அரசுத் தளத்தில்தானா என்று முகவரியின் முடிவைப் பாருங்கள், gov.uz என்று இருக்க வேண்டும். கூகுளில் முதலில் வரும் விளம்பரத் தளங்கள் 20 டாலர் விசாவுக்குப் பல மடங்கு வசூலிக்கின்றன.

பெயர் விஷயத்தில் நம் ஊர்க்காரர்களுக்குத் தனிச் சிக்கல். இனிஷியலை சர்நேம் கட்டத்தில் போடுவதா, அப்பா பெயரை விரித்து எழுதுவதா என்று யோசித்து, விசாவில் ஒன்று, டிக்கெட்டில் ஒன்று என்று ஆகிவிடுகிறது. பாஸ்போர்ட்டின் புகைப்படப் பக்கத்தில் அடியில் இரண்டு வரி அம்புக்குறிகளோடு இருக்குமே, அதில் உள்ளபடியே எழுதுங்கள். நான் தினமும் அந்த இரண்டு வரியைத்தான் முதலில் பார்க்கிறேன்.

சமர்கந்தில் மருத்துவம் படிக்கும் பிள்ளைகளைப் பார்க்கப் போகும் பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். ஓட்டலில் தங்கினால் உங்கள் பெயரைப் பதிவு செய்வது ஓட்டலின் வேலை. மகளின் வாடகை வீட்டில் தங்கினால் அந்த வேலையை யாரும் தானாகச் செய்ய மாட்டார்கள். இறங்கிய மூன்று நாளுக்குள் வீட்டு உரிமையாளர் மூலம் பதிவு செய்தாக வேண்டும். இ-மெஹ்மோன் என்று அதற்கு ஆன்லைன் வசதி இருக்கிறது. மெஹ்மோன் என்றால் உஸ்பெக்கில் விருந்தினர். பதிவில்லாமல் பத்து நாள் இருந்துவிட்டுத் திரும்பும்போது விமான நிலையத்தில் அபராதம் கட்டி நிற்காதீர்கள். பிள்ளையும் பயந்துபோகும்.

மாத்திரைகளை அட்டையிலிருந்து பிரித்து டப்பாவில் போட்டு எடுத்துப் போகும் பழக்கத்தை இந்தப் பயணத்துக்கு மட்டுமாவது விட்டுவிடுங்கள். கோடீன் கலந்த இருமல் மருந்து, டிரமடால் என்ற வலி மாத்திரை, தூக்க மாத்திரை இவையெல்லாம் அங்கே கடுமையான கட்டுப்பாட்டில் உள்ளவை. அட்டையோடு, டாக்டர் சீட்டோடு, தேவையான அளவு மட்டும் எடுத்துப் போய், சுங்கத்தில் நீங்களே சொல்லிவிடுங்கள். டிரோனை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். உஸ்பெகிஸ்தானுக்குள் அதைக் கொண்டுபோகத் தடை இருக்கிறது.

கோவைக் குடும்பத்துக்கு அந்த இரவில் இரண்டு வழிதான் இருந்தது. புது இ-விசா போட்டு, அது வரும்வரை மூன்று வேலை நாள் அல்மாட்டியில் தங்குவது. இல்லாவிட்டால் அங்கிருந்தே டெல்லிக்கு டிக்கெட் வாங்குவது. மறுநாள் வெள்ளி, நடுவில் சனி, ஞாயிறு. குழந்தைக்குக் காய்ச்சல் வேறு. டெல்லிக்கே டிக்கெட் போட்டுக் கொடுத்தேன். கடைசி நேர விலை, மூன்று பேருக்கு. டபுள் என்ட்ரிக்குத் தலைக்கு 15 டாலர்தான் கூட ஆகியிருக்கும்.

ஊர் வந்து சேர்ந்ததும் அந்தப் பெண் மறுபடி அழைத்தார். அடுத்த மாதம் தாஷ்கண்ட் போகும் என் குழுவில் யாராவது ஓட்டலிலிருந்து பெட்டியை எடுத்து வர முடியுமா என்று கேட்டார். முடியாது என்று சொன்னேன். அவர் மேல் சந்தேகம் எதுவும் இல்லை. தன் கையால் அடுக்காத பெட்டியை யாரும் சுங்கம் தாண்டித் தூக்கி வரக் கூடாது, பெட்டிக்குள் தூக்க மாத்திரை ஒரு அட்டை இருந்தாலும் மாட்டுவது தூக்கி வந்தவர்தான். கூரியரில் அனுப்பச் சொல்லி ஓட்டலுக்கு எழுதியிருக்கிறோம். பதிலுக்குக் காத்திருக்கிறோம்.