53 கிராமும் பூமியின் சுழற்சியும்

பயணத்துக்கென்று எடை குறைந்த மிரர்லெஸ் கேமரா தேடும் வாசகர் ஒருவர் அலசி அலசி இரண்டு மாடல்களில் வந்து நிற்கிறார். ஒன்று கேனான் ஈஓஎஸ் ஆர்8. லென்ஸ் இல்லாமல் பாடி மட்டும், பேட்டரி, கார்டு சேர்த்து 461 கிராம். மற்றது சோனி ஏ7சி 2. அதே கணக்கில் 514 கிராம். இரண்டிலும் படத்தைப் பதியும் சென்சார் ஒரே அளவு. "சோனியில் பாடிக்குள்ளேயே ஸ்டெபிலைசர் இருக்கிறதாம், கேனானில் இல்லையாம். அதற்காக 53 கிராம் கூடுதலாகச் சுமக்கலாமா?" என்பது அவர் கேள்வி.

அந்த 53 கிராமும் ஸ்டெபிலைசரின், அதாவது கை நடுக்கத்தால் படம் கலங்காமல் காக்கும் கருவியின், எடை இல்லை. சோனியின் பேட்டரி பெரியது, அதிலேயே கொஞ்சம் போய்விடும். ஆனாலும் கேள்வி நல்ல கேள்வி. எனக்கு மிகவும் பிடித்த ஒரு கருவியை விளக்கச் சாக்கு கிடைத்தது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

முதலில், மிரர்லெஸ் ஏன் சிறியது? பழைய எஸ்எல்ஆர் கேமராவில் லென்ஸுக்குப் பின்னால் 45 பாகை சாய்வில் ஒரு கண்ணாடி இருக்கும். வெளிச்சத்தை மேலே திருப்பி வியூஃபைண்டருக்கு அனுப்புவது அதன் வேலை. படம் எடுக்கும் கணத்தில் அது மேலே மடங்க வேண்டும். மடங்க இடம் வேண்டும். அதனால் லென்ஸைத் தள்ளித்தான் பொருத்த முடியும். 1959-இல் வந்த நிக்கான் எஃப் மவுன்டில் (மவுன்ட் என்பது லென்ஸ் பொருந்தும் வளையம்) அந்தத் தூரம் 46.5 மி.மீ. கண்ணாடியைத் தூக்கி எறிந்த நிக்கான் இசட் மவுன்டில் 16 மி.மீ. தான். 2008-இல் பானசோனிக் ஜி1 தொடங்கி வைத்ததை மற்ற நிறுவனங்கள் ஒவ்வொன்றாகப் பின்பற்றின. இதெல்லாம் பலருக்கும் தெரிந்த கதை.

அதிகம் பேசப்படாத பகுதி, இதில் யாருக்கு லாபம் என்பது. பெரிய லாபம், அகன்ற காட்சியை அடக்கும் வைட் ஆங்கிள் லென்ஸுக்கு. 24 மி.மீ. லென்ஸ், அதாவது குவியத்தூரம் 24 மி.மீ. உள்ள லென்ஸ், இயல்பாக சென்சாருக்கு 24 மி.மீ. பக்கத்தில் நிற்க விரும்பும். அந்த இடத்தில் கண்ணாடி உட்கார்ந்திருந்தால் என்ன செய்வது? முன்னால் ஒரு பெரிய குழிலென்ஸை வைத்து ஒளியை முதலில் விரித்து, பிறகு குவித்து, பிம்பத்தைப் பின்னுக்குத் தள்ளினார்கள். பிரான்ஸின் அன்ஜெனியூ நிறுவனம் 1950-இல் ரெட்ரோஃபோகஸ் என்ற பெயரில் விற்றது இந்த உத்தியைத்தான். கண்ணாடி போனதும் இந்தச் சுற்றுவழியின் அவசியம் குறைந்தது, லென்ஸும் சிறுத்தது. தூரத்தை அருகில் காட்டும் டெலி லென்ஸுக்கோ ஒரு லாபமும் இல்லை. 200 மி.மீ. லென்ஸ் மிரர்லெஸ்ஸிலும் கிட்டத்தட்ட அதே நீளம், அதே கனம்.

ஆகவே பாடி சிறியது என்பதால் பை இலகுவாகிவிடாது. சோனியின் 24-70 மி.மீ. எஃப் 2.8 லென்ஸின் இரண்டாம் பதிப்பு 695 கிராம்; அதுவே முதல் பதிப்பைவிட நன்றாக இளைத்தது! பாடியை மட்டும் ஒப்பிடுவது அங்குசத்தை நிறுத்துப் பார்த்துவிட்டு யானையை மறந்த கதை.

லென்ஸின் எடையைத் தீர்மானிப்பது சென்சார். ஃபுல் ஃப்ரேம் 36 × 24 மி.மீ.; மைக்ரோ ஃபோர் தர்ட்ஸ் 17.3 × 13 மி.மீ., பரப்பில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு. முன்னதில் 50 மி.மீ. லென்ஸ் காட்டும் அதே காட்சியைப் பின்னதில் 25 மி.மீ. லென்ஸ் காட்டும். இரண்டும் எஃப் 2 என்றால், அதாவது வாயின் அகலம் குவியத்தூரத்தில் பாதி என்றால், ஒளி நுழையும் வாய் ஒன்றில் 25 மி.மீ., மற்றதில் 12.5 மி.மீ. நீளம், அகலம், உயரம் மூன்றும் பாதியானால் லென்ஸ் கண்ணாடியின் கன அளவு எட்டில் ஒன்று. நடைமுறையில் அவ்வளவு குறைவதில்லை, ஆனால் போக்கு அதுதான். பதிலுக்கு, சிறிய வாய் வழியே நான்கில் ஒரு பங்கு ஒளிதான் உள்ளே வரும். அதாவது இரண்டு ஸ்டாப் இழப்பு (ஒளி ஒருமுறை பாதியானால் ஒரு ஸ்டாப்). மங்கிய வெளிச்சத்தில் படம் கூடுதலாகப் புள்ளி தட்டும்.

'ஃபுல் ஃப்ரேம் இல்லாவிட்டால் கேமராவே இல்லை' என்று ஒரு பக்தி இயக்கம் நடக்கிறது. பகல் வெளிச்சத்தில் எடுத்த படத்தை ஃபோனில் பார்த்து எந்த சென்சார் என்று சொல்லும் பக்தர் எவரையும் நான் இன்னும் சந்திக்கவில்லை. வித்தியாசம் தெரிவது வெளிச்சம் குறையும்போது. அங்கேதான் ஸ்டெபிலைசர் உள்ளே வருகிறது.

வெளிச்சம் குறைந்தால் ஷட்டரை அதிக நேரம் திறந்து வைக்க வேண்டும். அதற்குள் கை ஆடிவிடும். எவ்வளவு திடமான ஆளாக இருந்தாலும் கை நொடிக்கு 8 முதல் 12 முறை நுண்ணியதாக நடுங்கிக்கொண்டே இருக்கும்; மூச்சும் இதயத்துடிப்பும் அதற்கு மேல் மெதுவான அசைவைச் சேர்க்கும். கேமரா வெறும் 0.1 பாகை திரும்பினால், 50 மி.மீ. லென்ஸில் பிம்பம் சுமார் 0.09 மி.மீ. நகரும். கேட்க அற்பமாக இருக்கிறது. ஆனால் 24 மெகாபிக்சல் ஃபுல் ஃப்ரேம் சென்சாரில் ஒரு பிக்சலின் அகலம் 0.006 மி.மீ. தான். அப்படியானால் பிம்பம் பதினைந்து பிக்சலுக்கு இழுபட்டுவிட்டது; நட்சத்திரம் கோடாகிவிட்டது. 200 மி.மீ. லென்ஸ் என்றால் அதுபோல நான்கு மடங்கு.

பழைய தீர்வு டிரைபாட். ஒரு பயணம் முழுக்க ஒன்றரைக் கிலோ டிரைபாட்டைத் தோளில் சுமந்துவிட்டு, இரண்டே முறை விரித்தவன் நான். அருங்காட்சியகத்தில் அதை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

புதிய தீர்வு, பிம்பம் எங்கே ஓடுகிறதோ அங்கே சென்சாரையும் ஓட வைப்பது. சென்சார் ஒரு சிறு தட்டில் ஒட்டப்பட்டிருக்கும். தட்டில் கம்பிச்சுருள்கள், சுற்றிலும் காந்தங்கள். சுருளில் மின்சாரம் பாய்ந்தால் தட்டு நகரும். ஒலிபெருக்கியின் காகிதக் கூம்பை ஆட்டுகிற அதே விசைதான், பள்ளிக்கூடத்து ஃபிளெமிங் விதி. சில கேமராக்களை அணைத்துவிட்டு லேசாக ஆட்டினால் உள்ளே 'டக் டக்' என்று சத்தம் கேட்கும். மின்சாரம் இல்லாததால் தட்டு தளர்ந்து கிடக்கிறது, அவ்வளவுதான். பழுது என்று பயந்து கடைக்கு ஓட வேண்டாம்.

சரி, கேமரா எவ்வளவு திரும்பியது என்று தட்டுக்கு யார் சொல்வது? கைரோ. பெயரைக் கேட்டதும் சுழலும் பம்பரம் நினைவுக்கு வரும். கேமராவுக்குள் எதுவும் சுழல்வதில்லை. அரிசி மணி அளவு சில்லுக்குள் ஒரு மிகச் சிறிய இசைக்கவை போன்ற அமைப்பு நொடிக்குப் பல்லாயிரம் முறை அதிர்ந்துகொண்டிருக்கிறது. முன்னும் பின்னும் அதிரும் அந்தக் கவையை யாராவது திருப்பினால், அது பக்கவாட்டிலும் அதிரத் தொடங்கும். இதுதான் கொரியாலிஸ் விளைவு. சுழலும் ராட்டினத் தட்டின் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நடந்து பாருங்கள்; யாரோ பக்கவாட்டில் தள்ளுவதுபோல் இருக்கும். கவையின் கால்களுக்கும் அதே தள்ளல், நொடிக்குப் பல்லாயிரம் முறை, திசை மாறி மாறி. தள்ளலின் அளவு திரும்பும் வேகத்தைச் சொல்லிவிடும். இத்தகைய கைரோக்களில் சில, ஓர் அணுவின் விட்டத்தைவிடச் சிறிய அசைவையும் கண்டுபிடித்துவிடுகின்றன.

இதை நாம் கண்டுபிடிப்பதற்கு முன்பே ஈ கண்டுபிடித்துவிட்டது. ஈக்கு இரண்டு இறக்கைகள்தான். பின் இறக்கைகள் இருக்க வேண்டிய இடத்தில் குண்டூசி போல இரண்டு குட்டித் தண்டுகள் இருக்கும். பறக்கும்போது அவை இறக்கையோடு சேர்ந்து அடித்துக்கொண்டே இருக்கும். உடல் திரும்பினால் அவை கொரியாலிஸ் விசையால் வளையும். அந்த வளைவை நரம்புகள் படிக்கும். உங்கள் கைக்குத் தப்பி அந்தரத்தில் பல்டி அடிக்கும் ஈயிடமும் உங்கள் கேமராவிடமும் இருப்பது ஒரே தத்துவம்.

கைரோ சொல்வது திரும்பும் வேகம். அதை நேரத்தோடு கூட்டிக்கொண்டே போனால் திரும்பிய கோணம். அதை லென்ஸின் குவியத்தூரத்தால் பெருக்கினால் பிம்பம் நகர்ந்த தூரம். அவ்வளவு தூரம் தட்டை நகர்த்து. நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை இதே கணக்கு. (பழைய மேனுவல் லென்ஸைப் பொருத்தினால் குவியத்தூரத்தை நீங்களே மெனுவில் பதிய வேண்டும். மறந்தால் பெருக்கல் தப்பாகும்; ஸ்டெபிலைசரே படத்தைக் கலைத்துவிடும்.) மேல்-கீழ், இட-வலத் திருப்பம், லென்ஸின் அச்சைச் சுற்றிய உருளல் ஆகிய மூன்றோடு, கேமரா திரும்பாமலே நகர்வதையும் சேர்த்து ஐந்து அச்சுகளில் இதைச் செய்த முதல் மிரர்லெஸ் 2012-இன் ஒலிம்பஸ் ஓஎம்-டி ஈ-எம்5.

இப்போது எனக்குப் பிடித்த இடம். 2016-இல் அதே ஒலிம்பஸ், குறிப்பிட்ட ஒரு லென்ஸோடு சேர்த்து 6.5 ஸ்டாப் கிடைக்கும் என்று அறிவித்தது. ஒரு ஸ்டாப் என்றால் இரு மடங்கு நேரம், 6.5 ஸ்டாப் என்றால் 90 மடங்கு. அதற்கு மேல் ஏன் போக முடியவில்லை என்பதற்கு நிறுவனத்தின் தரப்பிலிருந்து வந்த காரணம்: பூமி சுற்றுகிறது.

விளம்பர ஜம்பம் போலத் தோன்றும். கணக்குப் போட்டுப் பார்ப்போம். பூமி 86,400 நொடியில் 360 பாகை. ஒரு நொடிக்கு ஒரு பாகையில் 240-இல் ஒரு பங்கு. நீங்கள் ஆடாமல் அசையாமல் நின்றாலும் கேமரா பூமியோடு சேர்ந்து இந்த வேகத்தில் திரும்பிக்கொண்டுதான் இருக்கிறது. எதிரே இருக்கும் மலையும் சேர்ந்தே திரும்புவதால் பிம்பம் நகர்வதில்லை. பாவம், கைரோவுக்கு மலை தெரியாது. 'கை திரும்புகிறது' என்று அது தகவல் அனுப்ப, தட்டு நகர, இல்லாத நடுக்கத்தைச் சரிசெய்யப் போய் இருந்த கூர்மையும் கெடுகிறது. எவ்வளவு கெடும்? 50 மி.மீ. லென்ஸில் நொடிக்கு 0.0036 மி.மீ. கையில் பிடித்து எடுக்க வழக்கமான பாதுகாப்பு வேகம் 1/50 நொடி. அதன் 90 மடங்கு 1.8 நொடி. அந்த நேரத்தில் பிழை 0.0065 மி.மீ. முன்பு சொன்ன பிக்சலின் அகலத்தைச் சரியாகத் தாண்டுகிறது! இந்தக் கணக்கை ஒரு துண்டுத்தாளில் போட்டு முடித்தபோது எழுந்து நடக்க வேண்டியிருந்தது எனக்கு.

'அப்படியானால் பூமியின் பங்கைக் கழித்துவிட வேண்டியதுதானே?' கழிக்கலாம், ஆனால் கேமராவுக்குத் திசை தெரிய வேண்டும். நிலநடுக்கோட்டில் நின்று கிழக்கே பார்த்தால் பூமி உங்களை முன்புறமாகக் கவிழ்க்கிறது. வடக்கே பார்த்தால் பக்கவாட்டில் உருட்டுகிறது. இடமும் திசையும் தெரியாமல் எந்த அச்சில் எவ்வளவு கழிப்பது? பென்டாக்ஸ் இதைத் தலைகீழாகப் பயன்படுத்தியது. ஜிபிஎஸ்ஸும் திசைகாட்டியும் தரும் தகவலை வைத்துக்கொண்டு, பூமியின் சுழற்சிக்கு ஏற்ப சென்சாரை நகர்த்தி, நட்சத்திரங்களைப் புள்ளியாகவே படம் பிடிக்கிறது. நுட்பமான கைரோக்கள் வந்தபின் 2019-இல் ஒலிம்பஸ் 7.5 ஸ்டாப்பையும் எட்டியது.

பூமி சுற்றுவதைக் கண்ணால் காட்ட 1851-இல் பாரிஸில் இயற்பியலாளர் ஃபூக்கோ ஒரு பெரிய ஊசலைத் தொங்கவிட்டார். மறுவருடம் அதே நோக்கத்துக்காக ஒரு சுழல் கருவியைச் செய்து, அதற்கு கைரோஸ்கோப் என்று பெயரிட்டதும் அவரே. 'இதனால் என்ன பயன்?' என்று அவரிடம் ஒரு நிதிக்குழு படிவம் நீட்டியிருந்தால் 'சுற்றுலாப் படங்கள் கூர்மையாக வரும்' என்றா எழுதியிருப்பார்? சிலிக்கான் கைரோ மலிவானதற்குக் கார்கள் சறுக்காமல் காக்கும் கருவி ஒரு காரணம். இன்றைய கேமராக்களில் இருக்கும் சிமாஸ் வகை சென்சாரை இன்றைய வடிவுக்குக் கொண்டுவந்த எரிக் ஃபாஸம் 1990-களில் நாசாவின் ஜேபிஎல் ஆய்வகத்தில் விண்கலங்களுக்காக உழைத்தவர். பயனை முன்கூட்டியே எழுதித் தந்தால்தான் பணம் என்கிற இன்றைய வழக்கம் எனக்கு எரிச்சலூட்டுவது இதனால்தான். பூமி தட்டை என்று இன்னும் வாதிடுகிறவர்களிடம், நல்ல கேமராவுக்குள் இருக்கும் கைரோவைக் கேட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிடுகிறேன்.

அப்புறம், ஸ்டெபிலைசரால் முடியாததையும் சொல்லிவிட வேண்டும். அது உங்கள் கையை அடக்கும், எதிரே ஓடும் குழந்தையை அடக்காது. மனிதர்கள், பறவைகள், சந்தை நெரிசல் என்று எடுப்பவருக்கு 1/250 நொடியோ அதைவிட வேகமோ வேண்டும். அங்கே எத்தனை ஸ்டாப் இருந்தும் பயனில்லை. வாய் அகன்ற ஒரு சின்ன லென்ஸ்தான் உதவும். கட்டடங்கள், உள்ளறைகள், அந்தி, அருவி எடுப்பவருக்கு ஸ்டெபிலைசர் ஒரு டிரைபாட்டுக்குச் சமம்.

வாசகரின் தராசுக்குத் திரும்புவோம். ஆர்8-ஓடு வரும் சிறிய 24-50 மி.மீ. லென்ஸ் 210 கிராம். அதற்குள்ளேயே ஒரு ஸ்டெபிலைசர் இருக்கிறது. ஏ7சி 2-க்குப் பொருத்தமான சிறிய 28-60 மி.மீ. லென்ஸ் 167 கிராம். அதில் கிடையாது, பாடியில்தான் இருக்கிறதே. கூட்டுங்கள்: 671, 681. அந்த 53 கிராம் 10 கிராமாகிவிட்டது. ஆக, எடை இங்கே கேள்வியே இல்லை. ஸ்டெபிலைசர் லென்ஸில் இருந்தால் அந்த லென்ஸைக் கழற்றியதும் அதுவும் போய்விடும். பாடியில் இருந்தால் தாத்தா காலத்து லென்ஸை மாட்டினாலும் கூடவே இருக்கும். இன்னொன்று, லென்ஸுக்குள் நகரும் கண்ணாடித் துண்டால் மேல்-கீழ், இட-வலத் திருப்பங்களை ஈடுகட்ட முடியும். ஷட்டர் பொத்தானை அழுத்தும்போது கேமரா ஒரு பக்கம் லேசாகச் சாய்ந்து உருளுமே, அதைத் திருப்பி உருட்ட சென்சாரால்தான் முடியும்.